வீடியோ விளையாட்டுகளின் முடிவும் நிறைவும் – ஒரு திறனாய்வு நோக்கு

கலைப் படைப்பொன்றின் முடிவு அப்படைப்பு எழுப்பிய வினாக்களுக்கு முகங்கொடுக்கவேண்டும் என்பது நாவல், நாடகம் ஆகியன பற்றிய திறனாய்வில் நெடுங்காலமாகப் பேசப்பட்டுவருங் கருத்தாகும். வீடியோ விளையாட்டைப் பொறுத்தவரை இக்கருத்து மட்டும் போதுமானதன்று. நாவலை வாசிப்போர் கதைமாந்தர் செய்வனவற்றைக் காண்கின்றனர். விளையாடுவோரோ அவற்றைத் தாமே செய்கின்றனர். பல மணிநேரம் ஒரு செயலைத் திரும்பத் திரும்பச் செய்து பழகியவருக்கு, அச்செயலின் பொருள் யாது என்னும் வினாவும் எழுகின்றது. அவ்வினாவைத் தட்டிக்கழிக்காத முடிவே நிறைவான முடிவு எனலாம். அது இன்பமுடிவாக இருத்தல்வேண்டும் என்பதில்லை.

தொடக்ககால விளையாட்டுகள் பலவற்றில் முடிவென்பதே இருக்கவில்லை. 1978 ஆம் ஆண்டு யப்பானில் டைட்டோ நிறுவனம் வெளியிட்ட 'ஸ்பேஸ் இன்வேடேர்ஸ்' விளையாட்டில் வேற்றுலகத்தார் அணியணியாக இறங்கிவருவர். ஓரணி அழிந்ததும் மற்றோரணி தோன்றும். விளையாடுவோர் தோற்கலாம், வென்று முடித்தல் இயலாது. நாணயம் இட்டு விளையாடும் பொறிகளின் வாணிபத்துக்கு இவ்வமைப்பு பெரிதும் பொருந்தியது. தோல்வி நேர்ந்தாலன்றி அடுத்த நாணயம் விழாதன்றோ? 1980 இல் வெளிவந்த 'பக்-மான்' 256 ஆவது கட்டத்தில் நின்றுபோகின்றது. அஃது ஆக்கியோர் வகுத்த முடிவன்று. கட்டங்களைக் கணக்கிடும் எட்டு பிட் எண் தன் எல்லையை மீறுவதால் திரையின் வலப்பாதி சிதைந்து, ஆட்டத்தைத் தொடரமுடியாமற் போகும் விபத்தே அது. நின்றுபோதல் வேறு, முடிதல் வேறு என்பதை இவ்விரு எடுத்துக்காட்டுகளும் உணர்த்துகின்றன. வீட்டில் வைத்து விளையாடும் பொறிகள் பரவி, ஆட்டத்தை இடையிற் சேமித்துவைத்துத் தொடரும் வசதியும் வந்தபோது நீண்ட கதை கூறுதல் எளிதாயிற்று. முடிவு திறனாய்வுக்குரிய பிரச்சினையானதும் அதனோடுதான்.

அப்பிரச்சினை வெளிப்படையாக வெடித்தது 2012 ஆம் ஆண்டிலாகும். கனடாவின் பயோவெயார் நிறுவனம் 2007, 2010, 2012 ஆகிய ஆண்டுகளில் வெளியிட்ட 'மாஸ் எஃபெக்ட்' தொடரின் மூன்று பாகங்களிலும் ஷெப்பேர்ட் என்னும் தளபதியாக நின்று தீர்மானங்களை எடுப்பவர் விளையாடுவோரே. ஒரு பாகத்தில் எடுத்த தீர்மானம் சேமிப்புக் கோப்பின் வழியாக அடுத்த பாகத்துக்குச் செல்லும். முன்னர் காப்பாற்றப்பட்டவர் பின்னர் உயிரோடு வந்து எதிர்நிற்பார். 'நீர் செய்ததற்கு விளைவு உண்டு' என்பதே இத்தொடர் அளித்த வாக்குறுதியாகும்.

மூன்றாம் பாகத்தின் இறுதியிலே ஒரு சிறுவனின் உருவில் தோன்றும் அறிவுப்பொறி, உயிரினங்களும் அவை படைத்த இயந்திரங்களும் மோதுவது தவிர்க்கமுடியாதது எனக் கூறி, மூன்று வழிகளை முன்வைக்கின்றது. ஆனால் அதே பாகத்தில், குவாரியன் மக்களுக்கும் அவர்கள் படைத்த கெத் இயந்திரங்களுக்குமிடையே சமாதானம் ஏற்படுத்த விளையாடுவோரால் முடியும். அதனை அரும்பாடுபட்டுச் சாதித்தவருங்கூட, தம் செயலையே சான்றாகக் காட்டி அவ்வுருவுக்கு மறுமொழி கூற இடமளிக்கப்படவில்லை. எவ்வழியைத் தெரிந்தாலும் பின்வந்த காட்சிகள் பெரிதும் ஒன்றாகவேயிருந்தன. சிவப்பு, நீலம், பச்சை என ஒளியின் நிறமே கண்ணிற்பட்ட வேறுபாடு. விளையாடியோர் சிலர் மூன்று நிறங்களில், ஆயின் ஒரே சுவையில், கேக்குகள் செய்வித்து அந்நிறுவனத்துக்கு அனுப்பினர். அக்கேலியினுள் ஒரு செம்மையான திறனாய்வு அடங்கியிருந்தது.

அதே ஆண்டு யூன் மாதத்தில் நிறுவனம் விரிவாக்கிய முடிவொன்றை இலவசமாக வழங்கியது. கூடுதல் விளக்கங்கள் இடம்பெற்றன. மூன்று வழிகளையும் மறுக்கும் நான்காவது தெரிவும் சேர்க்கப்பட்டது. சிலருக்கு அஃது ஆறுதலளித்தது. எனினும் மூலக்குறை விளக்கத்தின் போதாமையன்று. கை செய்த செயலை முடிவு மறுதலித்ததே குறை. விளக்கம் எத்துணை நீண்டாலும் அம்மறுதலிப்பை மாற்றவியலாது.

இதிலிருந்து, தெரிவுகள் பெருகினால் நிறைவு பிறக்கும் என முடிவுசெய்தல் தவறாகும். 2010 இல் றொக்ஸ்ரார் நிறுவனம் வெளியிட்ட 'றெட் டெட் றிடெம்ப்ஷன்' விளையாட்டில் நாயகனின் சாவு விதிக்கப்பட்டது, மாற்றவியலாதது. கதை 1911 ஆம் ஆண்டில், அமெரிக்க–மெக்சிக்க எல்லைப்புறத்தில் நிகழ்கின்றது. முன்னாட் கொள்ளையனான ஜோன் மார்ஸ்டன், குடும்பத்தை மீட்கும்பொருட்டு அரச முகவர்களின் நிர்ப்பந்தத்தாற் பழைய கூட்டாளிகளை வேட்டையாடுகின்றான். அப்பணி முடிந்தபின் விளையாட்டு முடிந்துவிடவில்லை. அவன் தன் பண்ணைக்கு மீண்டு கால்நடைகளை மேய்க்கிறான். மகனை வேட்டைக்கு அழைத்துச் செல்கிறான். பரபரப்பற்ற இவ்வேலைகளைச் சலிப்பூட்டுவன என்போர் உளர். ஆயினும் காக்கப்படவேண்டியது யாதென்பதை விளையாடுவோரின் கைகள் அறிவது இங்கேதான்.

பின்னர் படையினர் பண்ணையைச் சூழ்கின்றனர். மனைவியையும் மகனையும் தப்பவிட்டு, மார்ஸ்டன் களஞ்சியக் கதவைத் திறந்து வெளியே வருகிறான். காலத்தை மெதுவாக்கிக் குறிபார்க்கும் ஆற்றல் இறுதிமுறையாக விளையாடுவோர் கைக்கு வருகின்றது. நெடுநேரம் பயின்ற அத்திறமையால் சிலரை வீழ்த்தலாம், எல்லோரையும் வீழ்த்தவியலாது. வென்றுபழகிய கை தன் எல்லையைக் காண்பதே இக்காட்சியின் அவலம்.

அதனினும் கூர்மையானது அடுத்து வருவது. 1914 இல் வளர்ந்த மகன் ஜாக், தந்தையின் சாவுக்குக் காரணமான ரொஸ் என்னும் முகவனைத் தேடிச்சென்று கொல்லலாம். இது மையக்கதை இட்டுச்செல்லும் பணியன்று. விளையாடுவோர் தாமாகத் தேடிச்செல்லவேண்டியது. மகன் தன்னைப்போல் ஆகிவிடக்கூடாது என்பதே தந்தையின் அவா. பழிதீர்ப்போர் அவ்வவாவைத் தம் கையாலேயே அழிக்கின்றனர். கொலைக்குப்பின் பெயர்ப்பட்டியல் ஓடத்தொடங்கும்போது எஞ்சுவது வெற்றியின் களிப்பன்று. தாம் செய்ததைத் தாமே ஏற்கவேண்டிய பொறுப்பாகும்.

2019 இல் வெளிவந்த 'அவுட்டர் வைல்ட்ஸ்' இவ்வடிவத்தை வேறொரு திசையில் முன்னெடுக்கின்றது. தென் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் அலெக்ஸ் பீச்சம் தமது முதுகலைப் பட்ட ஆய்வாகத் தொடங்கிய ஆக்கம் இது. இங்கு 22 நிமிடத்துக்கொருமுறை சூரியன் வெடிக்கின்றது. நாயகன் மீண்டும் தொடக்கத்தில் விழித்தெழுகின்றான். படைக்கலம் சேர்வதில்லை, வலிமையும் வளர்வதில்லை. வளர்வது அறிவொன்றே. இறுதிக்குச் செல்லும் வழி முதற் சுற்றிலேயே திறந்துகிடக்கின்றது. அதனை அறியாமையே தடை.

சூரியனைக் காப்பாற்றலாம் என்னும் எதிர்பார்ப்போடு தேடுவோர், பிரபஞ்சமே தன் ஆயுளை முடித்துக்கொண்டிருப்பதைச் சிறுகச்சிறுக அறிகின்றனர். அதன்பின் செய்வதற்கு எஞ்சுவது ஒன்று: காலச்சுழற்சியை இயக்கும் கருவைத் தாமே பிடுங்கியெடுத்து, இனி மீளமுடியாத பயணத்தைத் தொடங்குதல். வெவ்வேறு கோள்களிலிருந்து தனித்தனியாகக் கேட்ட பயணிகளின் இசைக்கருவிகள் முடிவிலே ஒரு தீயைச் சுற்றி ஒன்றுகூடி இசைக்கின்றன. உலகம் காக்கப்படவில்லை. ஆயினும் தேடியலைந்ததும் செவிகொடுத்துக் கேட்டதும் வீண்போகவில்லை. அவ்விரண்டுமே முடிவின் உள்ளடக்கமாகிவிடுகின்றன.

ஆகவே, முடிவின் சிறப்பைத் தெரிவுகளின் தொகையாலோ நாயகன் பிழைத்தானா என்பதாலோ அளத்தல் பொருந்தாது. செயலாற்றும் பொறுப்பை விளையாடுவோரிடம் ஒப்படைத்த கலை, முடிவிலே அப்பொறுப்பைப் பறித்துக்கொள்ளுமாயின் அது தன் இயல்பையே மறந்ததாகும். வீடியோ விளையாட்டைப் பொழுதுபோக்கென ஒதுக்குவோரும், தொழினுட்பத்தின் பளபளப்பை மாத்திரம் வியப்போரும் இவ்வினாவைத் தவறவிடுகின்றனர். பயின்ற செயலுக்கு இம்முடிவு யாது பொருள் தந்தது என்று கேட்கத் தொடங்கும்போதே இக்கலைக்குரிய திறனாய்வும் தொடங்குகின்றது.