நாணொலி அடங்கிய வில்

நம் காவியங்களில் வில்லுக்குப் பெருமை அதன் ஓசைதான். நாணைச் சுண்டினாலே பகைவர் நெஞ்சு நடுங்கும். அப்படிக் கேட்டு வளர்ந்த காதுக்கு, இன்றைய காம்பவுண்ட் வில் அம்பை விட்டதும் 'தப்' என்று அடங்கிவிடுவது குறையாகப் படலாம். எனக்கோ அந்தக் கருவியின் உச்ச அழகே அதுதான். இழுத்த வில்லில் சேரும் ஆற்றலில் பெரும்பகுதி அம்போடு போய்விடுகிறது. மீதி நாணிலும் வில்லின் கரங்களிலும் கேம் எனப்படும் சக்கரங்களிலும் தங்கி அதிர்வாகவும் ஓசையாகவும் கழிகிறது. ஆக, காதில் விழுவது அம்புக்குப் போய்ச் சேராத உழைப்பு. அதே வில்லில் கனமான அம்பைப் பூட்டினால் ஓசை குறைவதும், அம்பே இல்லாமல் நாணை விட்டால் வில்லே உடையக்கூடுவதும் இதனால்தான்.

அமெரிக்காவின் மிசூரியைச் சேர்ந்த ஹாலஸ் வில்பர் ஆலன் காம்பவுண்ட் வில்லுக்குக் காப்புரிமை பெற்றது 1969-ல். பழைய அமைப்பில் கரங்கள் முன்னோக்கிப் பாய்வதால் பிடித்த கை உதறும். பின்வந்தவர்கள் இரு கரங்களையும் ஏறக்குறைய இணையாகப் படுக்க வைத்தார்கள். மேல்கரம் மேலே பாய, கீழ்க்கரம் அதே கணத்தில் கீழே பாய்கிறது; இரண்டு உதறலும் ஒன்றையொன்று தீர்த்துக்கொள்கின்றன. ரப்பரை ஒட்டி அதிர்வை உறிஞ்சுவதைவிட இதையே நான் மேலான கலை என்பேன். அடுத்தது, திரும்பி வரும் நாணை ரப்பர் முனையால் தடுத்து நிறுத்தும் சிறு தண்டு. மும்பை மாட்டுங்காவின் சண்முகானந்தா அரங்கில் மிருதங்கம் கேட்டுப் பழகியவர்களுக்கு இந்த நுட்பம் அந்நியமானதல்ல. மிருதங்கத்தின் வலப்பக்கத் தோலான வலந்தலையில் பூசிய கறுப்புப் பூச்சு தோலின் ஒழுங்கற்ற அதிர்வுகளை எப்படிச் சுருதிக்குள் கொண்டுவருகிறது என்பதை சி.வி. ராமன் 1920-லேயே ஆராய்ந்து எழுதினார். தோலின் சில அசைவுகளை அடக்கித்தான் அந்த நாதம் பிறக்கிறது.

அமெரிக்க வேட்டைக்காரருக்கு மௌனம் தேவை; ஒலி நொடிக்கு 340 மீட்டர் போகிறது, அம்பு 90 மீட்டர் அளவில்தான் போகிறது, மான் முந்திக்கொள்ளும். 1972-ன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைத் தடுத்த நம் நாட்டில், ஓடாத இலக்குக்கு இந்த மௌனம் எதற்கு என்று கேட்கலாம். அதிர்வின் பெரும்பகுதி அம்பு பிரிந்த பிறகே வருகிறது, குறி எப்படித் தவறும் என்பது இன்னும் வலுவான கேள்வி. அந்த அம்பைப் பொறுத்தவரை சரி. ஆனால் போட்டியின் தகுதிச் சுற்றில் 72 அம்புகள். 50 மீட்டரில் பத்துப் புள்ளி வட்டத்தின் குறுக்களவு 8 சென்டிமீட்டர். உதறலை எதிர்பார்க்கும் கை, அடுத்த அம்பை விடுவதற்கு முன்பே இறுகத் தொடங்கும். 2023 ஆகஸ்டில் பெர்லினில் சாத்தாராவின் அதிதி சுவாமி 17 வயதில் காம்பவுண்ட் பிரிவில் உலகச் சாம்பியனானார். அதே நாளில் நாக்பூரின் ஓஜஸ் தேவ்தளே இறுதிப் போட்டியில் பதினைந்து அம்புகளில் 150-க்கு 150 எடுத்தார். புள்ளிகள் அவர்கள் உழைப்பின் பலன். பதினைந்து முறையும் கை இறுகாமல் இருப்பதற்கு வில்லும் ஒத்துழைக்க வேண்டும்.

ஓர் ஆட்சேபத்தை மட்டும் முழுதாக ஏற்கிறேன். ஓசை நோயையும் காட்டும்: திருகு தளர்ந்தாலும் கேம்கள் ஒன்றோடொன்று ஒத்துச் சுழலாவிட்டாலும் காதுதான் முதலில் அறியும். ஒழுங்குபடுத்தாத வில்லில் ரப்பரை அடுக்குவது அந்தக் குரலை நெரிப்பதாகும். செம்பூரிலோ தாராவியிலோ பிள்ளைக்கு வில் வாங்க நினைப்பவர்கள் விளம்பரத்தில் வரும் வேக எண்ணோடு நின்றுவிட வேண்டாம். அம்பு போன பிறகு கையில் என்ன மிஞ்சுகிறது என்று பிள்ளையை எய்துபார்க்கச் சொல்லி வாங்குங்கள்.