அளவில்லா டேட்டாவின் அளவு

உணவு விடுதியின் வாசலில் இரண்டு வகைச் சாப்பாட்டுக்கு விலை எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஒன்று அளவுச் சாப்பாடு. மற்றது முழுச் சாப்பாடு. முழுச் சாப்பாட்டுக்குப் பணம் கட்டியவர் எத்தனை முறை சோறு கேட்டாலும் பரிமாற வேண்டும். முதலாளிக்கு இதில் நட்டம் வராது. மனித வயிற்றின் கொள்ளளவு அவருக்குத் தெரியும். பத்துப் பேரில் ஒருவர் அதிகம் சாப்பிட்டாலும் மற்ற ஒன்பது பேர் அதை ஈடுகட்டி விடுவார்கள். அங்கேயும் ஒரு விதி உண்டு. இலையில் உட்கார்ந்து சாப்பிடலாம். பொட்டலம் கட்டி வீட்டுக்கு எடுத்துச் செல்லக் கூடாது.

அமெரிக்கக் கைபேசி நிறுவனங்கள் சில ஆண்டுகள் இப்படி முழுச் சாப்பாடு விற்றன. பிறகு நிறுத்திவிட்டன. நிறுத்தும்போது அவை சொன்னது ஓர் அறிவியல் காரணம்: ரேடியோ அலைக்கற்றைக்கு வரம்பு உண்டு, ஒரு சிலர் அளவுக்கு மீறிப் பயன்படுத்துவதால் கோபுரங்கள் நெரிசலில் திணறுகின்றன. அந்தக் காரணத்தில் எவ்வளவு அறிவியல், எவ்வளவு வியாபாரம் என்று பிரித்துப் பார்ப்போம். பெருக்கலும் வகுத்தலும் தெரிந்தால் போதும். பள்ளி மாணவரும் உடன் வரலாம்.

2007-இல் ஐபோன் வெளிவந்தபோது அமெரிக்காவில் அதை விற்கும் உரிமை பெற்ற ஒரே கைபேசிச் சேவை நிறுவனம் ஏடி அண்ட் டி. அளவில்லா டேட்டாவுக்கு முதலில் மாதம் 20 டாலரும், 2008-இல் மூன்றாம் தலைமுறை ஐபோன் வந்த பின் 30 டாலரும் வாங்கியது. மூன்றே ஆண்டுகளில் அதன் வலையமைப்பில் டேட்டா போக்குவரத்து ஐம்பது மடங்கு பெருகியதாக நிறுவனமே கூறியது. நியூயார்க்கிலும் சான் பிரான்சிஸ்கோவிலும் பேசிக்கொண்டிருக்கும்போதே அழைப்புகள் அறுந்தன. 3 சதவீத வாடிக்கையாளர்களே 40 சதவீதப் போக்குவரத்துக்குக் காரணம் என்று 2009 டிசம்பரில் நிறுவனத்தின் உயர் அதிகாரி ரால்ஃப் டி லா வேகா அறிவித்தார்.

2010 ஜூன் 7 முதல் புதிய வாடிக்கையாளர்களுக்கு அளவில்லாத் திட்டம் கிடையாது என்றானது. 200 மெகாபைட்டுக்கு 15 டாலர், 2 ஜிகாபைட்டுக்கு 25 டாலர் என்று இரண்டு அளவுச் சாப்பாடுகள் வந்தன. ஸ்மார்ட்போன் வாடிக்கையாளர்களில் 98 சதவீதம் பேர் மாதம் 2 ஜிகாபைட்டுக்குக் குறைவாகவே பயன்படுத்துவதால் யாருக்கும் பெரிய பாதிப்பில்லை என்று விளக்கம் தரப்பட்டது. அடுத்த ஆண்டு ஜூலையில் வெரைசன் நிறுவனமும் அதே வழியில் சென்றது.

முதலில் நிறுவனங்கள் பக்கம் உள்ள நியாயத்தைப் பார்ப்போம். அலைக்கற்றைக்கு வரம்பு உண்டு என்பது முழு உண்மை. ஓர் அலைவரிசைப் பட்டையில் வினாடிக்கு எத்தனை பிட்டுகளை அனுப்பலாம் என்பதை அந்தப் பட்டையின் அகலமும், சைகைக்கும் இரைச்சலுக்கும் உள்ள விகிதமும் முடிவு செய்கின்றன. 1948-இல் கிளாட் ஷானன் நிறுவிய இந்த வரம்பை எந்தப் பொறியாளராலும் தாண்ட முடியாது. நான்காம் தலைமுறை எல்டிஇ முறையில் 10 மெகாஹெர்ட்ஸ் பட்டையும் இரண்டு ஆண்டெனாக்களும் இருந்தால், மிக நல்ல சூழ்நிலையில் வினாடிக்குச் சுமார் 75 மெகாபிட் கிடைக்கும். அதைக் கோபுரத்தின் ஒரு பக்கத்தில் உள்ள அனைவரும் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். நூறு பேர் ஒரே சமயத்தில் படம் பார்த்தால் தலைக்கு முக்கால் மெகாபிட்தான். ஆகவே அளவில்லா டேட்டா என்பது இயற்பியலில் எந்நாளும் உண்மையாக இருந்ததில்லை. விற்றவர்களுக்கு அது தெரியாமல் இருந்திருக்காது.

ஆனால் மேலே சொன்ன வரம்பு எதற்கு என்று கவனித்தீர்களா? வினாடிக்கு இத்தனை பிட் என்பதற்கு. மாதத்துக்கு இத்தனை பைட் என்பதற்கு அன்று. சாப்பாட்டு உவமை இந்த இடத்தில் உதவாது. பரிமாறாத சோறு பானையில் மிஞ்சும். பயன்படுத்தாத அலைக்கற்றை மிஞ்சுவதில்லை. அந்த வினாடியோடு போய்விடுகிறது. இரவு 2 மணிப் பேருந்தில் காலியாகப் போன இருக்கையை மாலை 6 மணிப் பேருந்துக்கு எடுத்து வைக்க முடியுமா?

ஒரு கணக்குப் போடுவோம். 30 நாள் மாதத்தில் 25,92,000 வினாடிகள். 2 ஜிகாபைட் என்பது 1,600 கோடி பிட்டுகள். முன்னதால் பின்னதை வகுத்தால் வினாடிக்குச் சுமார் 6,200 பிட் வருகிறது. பழைய ஜிஎஸ்எம் முறையில் ஒரு சாதாரணத் தொலைபேசிப் பேச்சு வினாடிக்கு 13,000 பிட் எடுத்துக்கொண்டது. அதாவது, 2 ஜிகாபைட்டை மாதம் முழுதும் சீராகப் பரப்பிப் பயன்படுத்துபவர், கோபுரத்தின் மேல் ஏற்றும் பாரம் ஓர் ஆள் பேசுவதில் பாதிகூட இல்லை!

இப்போது மற்றொருவரை எடுத்துக்கொள்வோம். அவர் மாதத்தில் 200 மெகாபைட் மட்டுமே பயன்படுத்தும் சிக்கனக்காரர். அந்த 200 மெகாபைட்டையும் ஒரு விளையாட்டு அரங்கில், கூட்டத்தின் நடுவே, மாலையில் ஒரே மணி நேரத்தில் செலவிடுகிறார். அந்த ஒரு மணி நேரம் அவர் வினாடிக்குச் சுமார் 4,44,000 பிட் இழுக்கிறார். முன்னவரைப் போல் 72 மடங்கு! நெரிசலுக்குக் காரணம் இவர். அபராதம் கட்டும் பட்டியலில் இருப்பவர் அவர். மாதக் கணக்கு மீட்டருக்கு இந்த இருவரில் யார் நெரிசல் உண்டாக்கினார் என்பது தெரியவே தெரியாது.

இதற்கு ஒரு மறுமொழி உண்டு. மாத வரம்பு இருந்தால் மக்கள் மொத்தத்தில் குறைவாகப் பயன்படுத்துவார்கள், அதனால் நெரிசல் வேளையிலும் பாரம் குறையும் என்பார்கள். உண்மைதான், குறையும். ஊர் முழுவதும் வாரம் ஒரு நாள் வீட்டிலேயே இருக்க உத்தரவிட்டால் சந்தை வீதியில் கூட்டம் குறைவதைப் போல. நேரத்துக்கு ஒரு விலை வைப்பது வாடிக்கையாளரைக் குழப்பும் என்ற வாதத்தையும் நான் தள்ளிவிட மாட்டேன். ஆனால் இவை விற்பனை வசதிக்கான வாதங்கள். இவற்றுக்கு இயற்பியலைச் சாட்சிக்கு அழைக்க வேண்டியதில்லை.

அடுத்தது டெதரிங். ஆங்கிலத்தில் இந்தச் சொல்லுக்கு மாட்டை முளைக்குச்சியில் கட்டும் கயிறு என்று பொருள். கைபேசியோடு மடிக்கணினியைப் பிணைத்து, கைபேசியின் இணைய இணைப்பையே அதிலும் பயன்படுத்துவது டெதரிங். நாம் ஹாட்ஸ்பாட் என்று சொல்வதும் இதன் ஒரு வகையே. 2010 ஜூனில் ஏடி அண்ட் டி இதற்கு மாதம் 20 டாலர் கூடுதலாகக் கேட்டது. அந்த 20 டாலருக்கு ஒரு பைட்கூட அதிகம் கிடைக்கவில்லை. அதே 2 ஜிகாபைட்டைத்தான் இரண்டு கருவிகளும் பகிர்ந்துகொள்ள வேண்டும்.

முழுச் சாப்பாட்டில் பொட்டலம் கட்டக் கூடாது என்பதில் ஒரு நியாயம் இருக்கிறது. வயிறு என்ற வரம்பு இல்லாமல் போய்விடும். கைபேசியின் சிறு திரை ஒரு வயிறு. மடிக்கணினி பெரிய வயிறு. ஆனால் அளவுச் சாப்பாடு வாங்கியவர் அதே அளவைத் தம் சொந்தத் தட்டில் போட்டுச் சாப்பிட்டால் தட்டுக்கு ஒரு கட்டணம் என்பது எந்தக் கணக்கு? கோபுரத்துக்குப் பிட் என்றால் பிட்தான். கைபேசியில் பார்த்த படமும் மடிக்கணினியில் பார்த்த அதே அளவுள்ள படமும் காற்றில் ஒரே இடத்தைத்தான் பிடிக்கின்றன.

அப்படியானால் எந்தக் கருவி கேட்கிறது என்பதை வலையமைப்பு எப்படி அறிகிறது? இணையத்தில் போகும் ஒவ்வொரு தரவுப் பொட்டலத்தின் தலைப்பிலும் ஓர் ஆயுள் எண் உண்டு. பல கைபேசிகள் அதை 64 என்று குறித்து அனுப்பும். வழியில் உள்ள ஒவ்வொரு திசைவியும் ஒன்றைக் கழிக்கும்; பூச்சியம் ஆனால் பொட்டலம் கைவிடப்படும். வழி தவறிய பொட்டலம் முடிவில்லாமல் சுற்றிக்கொண்டிருக்கக் கூடாது என்பதற்காக ஏற்பட்ட நல்ல ஏற்பாடு இது. மடிக்கணினியின் பொட்டலம் கைபேசி வழியே போகும்போது கைபேசியே ஒரு திசைவியாகி ஒன்றைக் கழித்துவிடுகிறது. 64 வர வேண்டிய இடத்தில் 63 வந்தால், அல்லது விண்டோஸ் கணினி வைக்கும் 128-க்குப் பதில் 127 வந்தால், பின்னால் வேறு கருவி இருக்கிறது என்று ஊகிக்கலாம். வேறு வழிகளும் உண்டு. வழி தவறியதைக் காப்பதற்கென்று வைத்த எண்ணை வாடிக்கையாளரை வேவு பார்க்கவும் பயன்படுத்தலாம் என்பது அதை வகுத்தவர்களுக்குத் தோன்றியிருக்குமா, தெரியவில்லை. 2011 மார்ச்சில் ஏடி அண்ட் டி, அனுமதியின்றி டெதரிங் செய்வதாகத் தான் கருதியவர்களுக்குச் செய்தி அனுப்பியது. தொடர்ந்து செய்தால் 45 டாலர் திட்டத்துக்குத் தானாகவே மாற்றிவிடுவோம் என்றது.

வெரைசன் விஷயத்தில் சட்டம் குறுக்கிட்டது. 2008-இல் 700 மெகாஹெர்ட்ஸ் அலைக்கற்றையில் சி தொகுதியை அது ஏலத்தில் எடுத்தபோது ஒரு நிபந்தனை இருந்தது. அந்த அலைவரிசையில் வாடிக்கையாளர் தமக்கு விருப்பமான கருவியையும் செயலியையும் பயன்படுத்துவதைத் தடுக்கக் கூடாது. அப்படியிருந்தும் டெதரிங் செயலிகள் தன் வாடிக்கையாளர்களுக்குக் கிடைக்காதபடி, செயலிக் கடை நடத்தும் நிறுவனத்திடம் சொல்லி வெரைசன் தடுத்துவிட்டது என்று புகார் எழுந்தது. விசாரித்த கூட்டாட்சித் தகவல் தொடர்பு ஆணையத்துடன் 2012 ஜூலையில் சமரசம் ஏற்பட்டது. வெரைசன் 12.5 லட்சம் டாலர் செலுத்தியது. அளவுத் திட்டம் வைத்திருப்பவர்கள் கூடுதல் கட்டணமின்றி டெதரிங் செய்ய வழி பிறந்தது. பெரிய நிறுவனத்துக்கு இந்தத் தொகை கொசுக்கடிதான். ஆனால் தட்டுக்குத் தனிக் கட்டணம் என்ற வாதம் அங்கே எடுபடவில்லை.

பழைய அளவில்லாத் திட்டத்தைக் கைவிடாமல் வைத்திருந்தவர்கள் என்ன ஆனார்கள்? ஏடி அண்ட் டி அவர்களைத் துரத்தவில்லை. 2011 அக்டோபர் முதல், குறிப்பிட்ட அளவைத் தாண்டியதும் வேகத்தை மட்டும் குறைத்தது. திட்டம் அளவற்றதே, குழாய் மட்டும் ஊசி முனை அளவு! கூட்டாட்சி வணிக ஆணையம் 2014 அக்டோபரில் வழக்குத் தொடுத்தது. குறைந்தது 35 லட்சம் வாடிக்கையாளர்களின் வேகம் இரண்டரைக் கோடிக்கும் மேற்பட்ட தடவை குறைக்கப்பட்டது, சிலருக்கு 80 முதல் 90 சதவீதம் வரை குறைந்தது, மாதத்தில் 2 ஜிகாபைட் தாண்டியவர்கள்கூட இதில் சிக்கினார்கள் என்று ஆணையம் கூறியது. நமக்கு முக்கியமான குற்றச்சாட்டு வேறொன்று: கோபுரத்தில் நெரிசல் இருந்ததா இல்லையா என்று பார்க்காமலே இந்த வெட்டு நடந்தது. (நம் நாட்டிலும் ‘அன்லிமிடெட்’ என்று விற்கும் பல திட்டங்களில், அன்றைய ஒன்றரை அல்லது 2 ஜிகாபைட் தீர்ந்ததும் வேகம் 64 கிலோபிட்டுக்கு இறங்குவதை நீங்கள் அறிவீர்கள். அந்த வேகத்தில் ஒரு மெகாபைட் புகைப்படம் வந்து சேர இரண்டு நிமிடத்துக்கு மேலாகும்.)

வழக்கு நடந்துகொண்டிருந்தபோதே, 2015-இல் ஏடி அண்ட் டி தன் முறையை மாற்றிக்கொண்டது. நெரிசல் உள்ள இடத்தில், நெரிசல் உள்ள நேரத்தில் மட்டும் வேகத்தைக் குறைக்கப் போவதாக அறிவித்தது. பொறியியல் நோக்கில் இதுதான் சரியான முறை. இந்த நியாயமான முறை இயலாத காரியம் என்று இனி யாரும் சொல்ல முடியாது.

2017 பிப்ரவரியில் வெரைசனும் ஏடி அண்ட் டியும் அளவில்லாத் திட்டங்களை எல்லாருக்கும் திரும்பவும் திறந்துவிட்டன. அலைக்கற்றைக்கு ஷானன் விதித்த வரம்பு அந்த மாதத்தில் மாறிவிடவில்லை. போட்டி நிறுவனம் ஒன்று முந்தைய ஆண்டே அளவில்லாத் திட்டத்தை முன்வைத்து வாடிக்கையாளர்களை இழுத்துக்கொண்டிருந்தது. வெரைசன் திட்டத்தில் 22 ஜிகாபைட்டுக்குப் பிறகு, நெரிசல் வேளையில் மட்டும் மற்றவர்களுக்கு அடுத்த வரிசை; இது ஒப்புக்கொள்ளத்தக்கது. ஹாட்ஸ்பாட்டுக்கோ 10 ஜிகாபைட் வரையே முழு வேகம். தட்டு மறுபடியும் வந்துவிட்டது.

2018 ஜூலை இறுதியில் கலிபோர்னியாவில் மெண்டசினோ காம்ப்ளெக்ஸ் காட்டுத் தீ மூண்டது. 4,59,000 ஏக்கருக்கு மேல் எரித்த அது, அதுவரை அந்த மாநிலம் பதிவு செய்த தீக்களில் மிகப் பெரியது. சான்டா கிளாரா மாவட்டத் தீயணைப்புத் துறை, வண்டிகளையும் ஆட்களையும் ஒருங்கிணைக்கும் தகவல் தொடர்பு ஊர்தி ஒன்றை அங்கே அனுப்பியிருந்தது. அதன் இணைப்பு வெரைசனின் அளவில்லாத் திட்டம். தீ எரிந்துகொண்டிருக்கும்போதே அதன் வேகம் முன்பிருந்ததில் இருநூறில் ஒரு பங்காக, அதற்கும் கீழாகக்கூட, குறைந்துவிட்டது. வீரர்கள் தங்கள் சொந்தக் கைபேசிகளை வைத்துச் சமாளித்தார்கள். வேகத்தைத் திருப்பித் தரும்படி கேட்டபோது இரு மடங்குக்கு மேல் விலையுள்ள திட்டத்துக்கு மாறச் சொன்னார்கள் என்று துறைத் தலைவர் ஆண்டனி பவுடன் நீதிமன்றத்தில் எழுதிக் கொடுத்தார். நெருக்கடியில் கட்டுப்பாட்டை நீக்குவதே தங்கள் வழக்கம், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு தவறிவிட்டது என்று வெரைசன் ஒப்புக்கொண்டது. மாத மீட்டர், கோபுரத்தில் நெரிசல் இருக்கிறதா என்று பார்க்கத் தெரியாதது. எதிரே காடு எரிகிறதா என்று மட்டும் பார்த்துவிடுமா?

ஏடி அண்ட் டி மீதான வழக்கு 2019 நவம்பரில் சமரசத்தில் முடிந்தது. பாதிக்கப்பட்டவர்களுக்குத் திருப்பித் தர 6 கோடி டாலர். 35 லட்சம் பேருக்குப் பங்கிட்டால் தலைக்குச் சுமார் 17 டாலர். வேகக் குறைப்பு முதலிய கட்டுப்பாடுகளைச் சிறு எழுத்தில் ஒளித்து வைக்காமல் எடுப்பாகத் தெரிவித்த பிறகே அளவில்லாதது என்ற சொல்லை விளம்பரத்தில் பயன்படுத்தலாம் என்பது நிபந்தனை. சொல்லை விற்கத் தடையில்லை. பக்கத்திலேயே, கண்ணில் படும்படி, அளவையும் எழுத வேண்டும்.