டாப்பர் பேட்டியில் கேட்க வேண்டிய கேள்வி

குடிமைப் பணித் தேர்வு முடிவு வந்த வாரத்திலேயே அண்ணா நகர்ப் பயிற்சி மையங்களின் பேனர்களில் புது முகங்கள் வந்துவிடும். தொடர்ந்து யூடியூபில் பேட்டிகள்: எத்தனை மணி நேரம் படித்தார், எந்தப் புத்தகம், எந்த விருப்பப் பாடம். இவற்றைக் கேட்டே தங்கள் படிப்பை வகுத்துக்கொள்பவர்கள் ஏராளம். இதை மூடநம்பிக்கை என்று ஒதுக்குபவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. வீட்டில் முதல் பட்டதாரியான ஒரு பெண்ணுக்கு இந்தத் தேர்வைப் பற்றிக் கேட்க வேறு யார் இருக்கிறார்கள்? பாடத்திட்டம் எல்லோருக்கும் கிடைக்கிறது. ஆனால் ஒரு தலைப்பை எவ்வளவு ஆழமாகப் படிப்பது, எங்கே நிறுத்துவது என்பதை அது சொல்லாது. 2017 தேர்வில் முதலிடம் பெற்ற அனுதீப் துரிஷெட்டி தம் குறிப்புகளையும் படித்த முறையையும் இணையத்தில் எல்லோருக்கும் திறந்து வைத்தார். டெல்லியில் அறை எடுத்துத் தங்க வசதியில்லாதவர்களுக்கு அது பெரிய கொடை.

கோளாறு வேறிடத்தில் இருக்கிறது. 2023 தேர்வுக்கு விண்ணப்பித்தவர்கள் 10,16,850 பேர். முதல்நிலைத் தேர்வை எழுதியவர்கள் 5,92,141. முதன்மைத் தேர்வுக்குப் போனவர்கள் 14,624, நேர்முகத்துக்கு 2,855. கடைசியில் தேர்வானவர்கள் 1,016. நம் காதில் விழுவது இந்த 1,016 பேரில் சிலருடைய குரல் மட்டும்தான். ஒருவர் அதிகாலை நாலு மணிக்கு எழுந்து படித்தேன் என்கிறார். தேறாதவர்களில் எத்தனை பேர் அதே நாலு மணிக்கு எழுந்தார்கள் என்று எவரும் விசாரிப்பதில்லை. விசாரிக்காத வரை, நாலு மணிக்கு எழுந்ததுதான் காரணம் என்று சொல்ல நமக்கு ஆதாரமே இல்லை.

அந்த ஆண்டு முதலிடம் பெற்ற ஆதித்யா ஸ்ரீவாஸ்தவா, அதற்கு முந்தைய ஆண்டு 236-ஆம் இடத்தில் இருந்தவர். அதற்கும் முந்தைய முயற்சியில் முதல்நிலைத் தேர்விலேயே தேறவில்லை. 2022-இல் முதலிடம் பெற்ற இஷிதா கிஷோரும் முதல் இரண்டு முயற்சிகளில் முதல்நிலையைத் தாண்டவில்லை. அதே ஆள், அதே அறிவு, ஏறக்குறைய அதே புத்தகங்கள். அப்படியானால் இரண்டு முயற்சிகளுக்கு நடுவே எதை மாற்றினார்கள் என்பதுதான் உருப்படியான கேள்வி. கேள்வித்தாளை அணுகிய விதமா, எழுதிப் பார்த்த அளவா, எதையாவது படிக்காமல் விட்டதா? பேட்டி எடுப்பவர்கள் தோல்விக் காலத்தை உருக்கமான கதையாகக் கேட்டுவிட்டு, இந்த இடத்தை வேகமாகக் கடந்துவிடுகிறார்கள்.

‘டாப்பர் காப்பி’ என்று கைமாறும் விடைத்தாள்களையும் கவனமாகப் பார்க்க வேண்டும். தேர்வாணையம் முதன்மைத் தேர்வின் விடைத்தாள்களை வெளியிடுவதில்லை. நாம் பார்ப்பது பயிற்சி மையத்தின் மாதிரித் தேர்வில் அவர் எழுதியது. பதிலை எப்படிக் கட்டுவது என்று பழக அது உதவும்; எதற்கு மதிப்பெண் விழுந்தது என்பதற்குச் சான்றாகாது. பேனர் முகங்களும் அப்படியே. நேர்முகத் தேர்வுக்கு மட்டும் வழிகாட்டல் பெற்றவரை முழுப் பயிற்சியும் பெற்றவர்போலக் காட்டிய மையங்களுக்கு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் அபராதம் விதித்திருக்கிறது.

தமிழ்வழி மாணவர்களுக்கு இதில் கூடுதல் பாதிப்பு. முதன்மைத் தேர்வைத் தமிழில் எழுதலாம். முதல்நிலை வினாத்தாளோ ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே வருகிறது. ஆங்கிலத்தில் படித்து வளர்ந்த பொறியாளர் ஒருவரின் புத்தகப் பட்டியலும் கால அட்டவணையும் இவர்களுக்கு அப்படியே பொருந்தாது. அவர் ஒரு மணி நேரத்தில் முடிக்கும் அத்தியாயம் இவர்களுக்கு அரை நாளை எடுத்துக்கொள்ளும். அந்த அட்டவணையைப் பிடிக்க முடியாதபோது, தங்களுக்குத் திறமை போதவில்லை என்று முடிவுகட்டிப் பாதியில் விலகுகிறார்கள். இந்த வழக்கம் செய்யும் மிகப் பெரிய தீங்கு இதுதான்.

2023-இல் நேர்முகம் வரை போய்ப் பட்டியலில் இடம்பெறாதவர்கள் 1,839 பேர். முதல்நிலையையும் முதன்மையையும் தாண்டும் வழி அவர்களுக்கும் தெரியும். எங்கே சறுக்கியது என்பதையும் அவர்களால் சொல்ல முடியும். பாராட்டு விழா மேடையில் டாப்பருக்குப் பக்கத்தில் அவர்களில் ஒருவரையும் உட்காரவைத்து, இருவரிடமும் ஒரே கேள்விகளைக் கேட்கும் துணிவு பயிற்சி மையங்களுக்கு வர வேண்டும்.