யஃகூபியின் இரு நகரங்கள்: பெருநகரில் இனங்களின் குடியமர்வு குறித்து ஒரு மறுவாசிப்பு

பெருநகரம் ஒன்றில் பல இனத்தார் வந்து சேரும்போது யார் எங்கே குடியமர்கின்றனர் என்பது தற்செயலாக நிகழ்வதன்று. மொழி, தொழில், உறவு, அச்சம், ஆட்சியாளரின் ஆணை ஆகிய பலவும் அதில் பங்கு கொள்கின்றன. எதற்கு எவ்வளவு பங்கு என்பதே வினா. முஸ்லிம் நகரங்களைப் பொறுத்தவரை இவ்வினாவுக்கு ஆயத்த விடை ஒன்று நெடுங்காலமாக வழங்கி வருகிறது. இனவாரியாகவும் குலவாரியாகவும் தனித்தனிக் குடியிருப்புகளாகப் பிரிந்து கிடப்பது அந்நகரங்களின் பிறவிக் குணம் என்பதே அவ்விடை. அதற்குச் சான்று தேடுவோர் எளிதில் கையிலெடுக்கக்கூடிய நூல், யஃகூபியின் 'கிதாபுல் புல்தான்'. அந்நூல் உண்மையில் அப்படித்தான் சொல்கிறதா என்று ஆராய்வதே நமது நோக்கம்.

அஹ்மத் இப்னு அபீ யஃகூப் ஹிஜ்ரி மூன்றாம் நூற்றாண்டின் வரலாற்றாசிரியர், புவியியலாளர். அவருடைய முன்னோருள் ஒருவரான வாளிஹ், கலீஃபா மன்ஸூரின் மவ்லாவாக இருந்து அரசுப் பணியாற்றியவர். யஃகூபி இளமையை ஆர்மீனியாவில் கழித்தார். குராசானில் தாஹிரிய ஆட்சியாளரிடம் பணி செய்தார். பின்னர் எகிப்தில் தங்கினார். கிதாபுல் புல்தானை அவர் ஹிஜ்ரி 278இல் (கி.பி. 891) முடித்தார். லெய்டன் நகரில் தே கூயே 1892இல் வெளியிட்ட பதிப்பே ஆய்வாளர்களின் கையில் பெரிதும் புழங்குவது. தாம் சந்தித்த வெளியூராரிடம் அவரவர் ஊரைப் பற்றி விசாரிப்பது தம் வழக்கம் என்று முன்னுரையில் அவர் கூறுகிறார். அங்கு என்ன விளைகிறது, எந்த நீரைப் பருகுகிறார்கள் என்பவற்றோடு, அங்கு வாழ்வோர் அரபிகளா, அஜமிகளா என்பதும் அவர் கேட்ட கேள்விகளுள் ஒன்று. ஆகவே இனங்களின் குடியமர்வு அந்நூலில் தற்செயலாக இடம்பெற்ற செய்தியன்று. ஆசிரியர் தேடிச் சேர்த்த செய்தி.

இனி, நாம் குறிப்பிட்ட அந்த ஆயத்த விடையின் மூலத்தைக் காண்போம். 1928இல் பிரெஞ்சு அறிஞர் வில்லியம் மார்ஸே இஸ்லாமும் நகர வாழ்வும் பற்றி எழுதிய கட்டுரை இத்துறையில் ஒரு தொடக்கம். 1955இல் வான் குருனேபாம் 'முஸ்லிம் நகரத்தின் அமைப்பு' என ஒரு பொதுச் சட்டகத்தையே வரைந்தார். ஒவ்வோர் இனத்துக்கும் சமயத்துக்கும் உரிய தனிப் பகுதிகள் அச்சட்டகத்தின் ஓர் உறுப்பு. ஜேனட் அபூ லுஃகுத் 1987இல் எழுதிய விமர்சனக் கட்டுரையில் இந்த ஆய்வுகளை ஹதீஸ் கலையின் இஸ்னாதுக்கு ஒப்பிட்டார். ஒருவர் மற்றவரிடமிருந்து பெற்று அறிவிக்கிறார். அவர் தமக்கு முந்தியவரிடமிருந்து பெறுகிறார். சங்கிலியின் தொடக்கத்தில் இருப்பவையோ வட ஆப்பிரிக்காவின் சில நகரங்கள் மட்டுமே. நமது மதரஸாக்களில் அறிவிப்பாளர் வரிசையை ஆராயும் கலையைப் பயின்றோருக்கு இதன் பலவீனம் உடனே புலப்படும். அறிவிப்பாளர் எத்தனை பேர் பெருகினாலும் மூலம் ஒன்றாயின் அச்செய்தி முதவாத்திர் ஆகிவிடாது.

சங்கிலியை விட்டு மூலத்துக்குத் திரும்புவோமானால், முதலில் நமது கவனத்தைக் கவர்வன சொற்கள். நகரப் பகுதிகளைக் குறிக்கப் பழைய அரபு ஆசிரியர்கள் மூன்று சொற்களை மிகுதியாக ஆளுகின்றனர். 'கித்தா' என்பது கோடு கிழித்தல் என்னும் வேரிலிருந்து பிறந்தது. 'கதீஆ' என்பது வெட்டுதல் என்னும் வேரிலிருந்து வந்தது. 'மஹல்லா' என்பதோ பயணத்தில் இறங்கித் தங்குதல் என்னும் வேருக்குரியது. முன்னிரண்டிலும் ஆட்சியின் கை தெரிகிறது. கோடு கிழித்தவர் ஒருவர் இருக்கிறார். நிலத்தை வெட்டிக் கொடுத்தவர் ஒருவர் இருக்கிறார். மூன்றாவதில் மட்டுமே தானாக வந்து தங்கியவரின் விருப்பம் ஒலிக்கிறது. யஃகூபி படைத்தலைவர்களின் இடங்களைச் சொல்லும்போது கதீஆவையே பெரிதும் ஆளுகிறார். மானியம் அளித்தவர் யார், பெற்றவர் யார் என்பதையும் சேர்த்தே சொல்கிறார். வினைச்சொல்லுக்கு எழுவாய் இருக்கும் இடத்தில் 'பிறவிக் குணம்' என்ற விளக்கத்துக்கு இடமில்லை.

ஹிஜ்ரி 145இல் (கி.பி. 762) மன்ஸூர் தொடங்கிய பக்தாதை அவர் விவரிக்கும் முறையைப் பாருங்கள். வட்ட நகருக்கு வெளியே இருந்த நிலம் நான்கு பகுதிகளாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொன்றும் பொறுப்பாளர்களிடம் ஒப்படைக்கப்பட்டது. வடபுறத்து ஹர்பிய்யாவில் பல்க், மர்வ், புகாரா, குவாரஸ்ம் முதலிய கிழக்கு நாட்டார் குடியமர்ந்தனர். ஒவ்வோர் ஊராருக்கும் ஒரு படைத்தலைவரும் ஒரு குடித்தலைவரும் இருந்தனர். இது இனவாரிக் குடியமர்வே, ஐயமில்லை. ஆனால் இவர்கள் அப்பாஸியரை அரியணையேற்றிய படையினர். படையணியின் பதிவேடே தெருவின் அமைப்பாக மாறியது. தென்புறத்துக் கர்க்குக்கு வந்தால் காட்சி மாறுகிறது. அங்கு யஃகூபி பிரித்துக் காட்டுவது இனங்களையன்று, தொழில்களை. ஒவ்வொரு வணிகத்துக்கும் தனித் தெரு. ஒரு தொழிலார் மற்றொரு தொழிலாருடன் கலப்பதில்லை. ஒரே நகரில், ஒரே காலத்தில், ஒரே ஆசிரியர் இரு வேறு பகுப்பு முறைகளைக் காட்டுகிறார். எந்த நாட்டாராயினும் பக்தாதில் அவர்களுக்கு ஒரு மஹல்லாவும் வணிக இடமும் உண்டு என்று அவர் பெருமிதத்துடன் கூறுவதும் கவனிக்கத்தக்கது. அதை அவர் நகரின் குறையாக அன்றி, அதன் சிறப்பாகவே கூறுகிறார்.

குடியமர்வுக்குப் பின்னே ஆட்சியின் கணக்கு இருந்தது என்பதற்குத் தபரீயின் வரலாறும் சான்று பகர்கிறது. ஹிஜ்ரி 151இல் நதியின் கீழ்க்கரையில் ருஸாஃபா எழுப்பப்பட்டதன் காரணத்தை அவர் கூறுகிறார். படையினர் ஒன்றுபட்டுவிட்டால் கலீஃபாவுக்கு ஆபத்து என்று குதம் இப்னுல் அப்பாஸ் ஆலோசனை கூறினார். படையைக் குலவாரியாகப் பிரித்து, நதியை இடையில் வைத்து இருகரையிலும் அமர்த்தினால், ஒருகரையினர் கிளர்ந்தெழும்போது மறுகரையினரைக் கொண்டு அடக்கலாம் என்பதே அந்த ஆலோசனை. அழகிய ருஸாஃபாவின் அடித்தளத்தில் இருந்தது இந்தக் கணக்கு.

இதற்கு முந்திய நகரங்களும் ஒரே அச்சில் வார்க்கப்பட்டவையல்ல. ஹிஜ்ரி 17இல் எழுந்த கூஃபாவில் யமன் குலத்தாருக்கும் நிஸார் குலத்தாருக்கும் இடையே அம்புகளால் சீட்டுப் போட்டு இடம் ஒதுக்கப்பட்டதைப் பலாதுரீ பதிவு செய்கிறார். பாரசீகப் படையிலிருந்து வந்து சேர்ந்த தைலமியர் நாலாயிரம் பேர் அங்கு குடியேறினர். பஸ்ராவில் பாரசீகக் குதிரைவீரரும் சிந்துப் பகுதியிலிருந்து வந்த ஸுத் மக்களும் அரபுக் குலமாகிய பனூ தமீமுடன் இணைந்துகொண்டனர். எகிப்தின் ஃபுஸ்தாதில் 'அஹ்லுர் ராயா' என ஒரு பகுதி இருந்தது. தனிப் பதிவேடு பெறும் அளவுக்கு எண்ணிக்கை இல்லாத பல குலத்தார் அம்ர் இப்னுல் ஆஸ் (ரலி) அவர்களின் கொடியின் கீழ் ஒன்றாகத் தொகுக்கப்பட்டனர். கலந்து வாழ்ந்த அப்பகுதிதான் பெரிய பள்ளிவாசலைச் சூழ்ந்து, நகரின் நடுவிலேயே அமைந்தது. பிரிவினை ஒன்றே விதியாயின் இதற்கு விளக்கம் ஏது?

இப்போது சாமர்ராவுக்கு வருவோம். யஃகூபியின் நூலில் இதுவே மிகக் கூர்மையான பகுதி. முஃதஸிமின் துருக்கியப் படையினர் பக்தாதின் கடைத்தெருக்களில் குதிரைகளை விரட்டிச் சென்று மக்களை மிதித்தனர்; மக்கள் ஆத்திரமுற்று அவர்களுள் சிலரைக் கொன்றனர். இதனால் கலீஃபா ஹிஜ்ரி 221இல் (கி.பி. 836) புதிய தலைநகருக்குப் பெயர்ந்தார். அங்கு துருக்கியரின் குடியிருப்புகள் மக்கள் நெரிசலிலிருந்து விலக்கி அமைக்கப்பட்டன. வணிகரோ பிறரோ அவர்களுக்கு அண்டை வீட்டாராக இருத்தல் கூடாது; ஃபர்கானா நாட்டார் மட்டுமே அருகில் இருக்கலாம். அவர்களின் தேவைக்கு உள்ளேயே பள்ளிவாசலும் குளியலகமும் சிறு கடைத்தெருவும் கட்டப்பட்டன. கலீஃபா அடிமைப் பெண்களை வாங்கி அவர்களுக்கு மணமுடித்தார். பிற மக்களிடம் பெண் கொள்வதைத் தடுத்தார். அப்பெண்களுக்கு ஊதியம் வரையறுத்து, மணவிலக்குக்கும் தடை விதித்தார். தெருவைப் பிரித்தது போதாதென்று வம்சத்தையும் பிரித்த திட்டம் இது.

இதன் விளைவை வரலாறு அறியும். ஹிஜ்ரி 247இல் (கி.பி. 861) முதவக்கில் தம் துருக்கியக் காவலராலேயே கொல்லப்பட்டார். அதிலிருந்து ஒன்பது ஆண்டுகளுக்குள் முஸ்தஈன், முஃதஸ், முஹ்ததீ ஆகியோரும் பதவியிலிருந்தோ பதவியிழந்த பின்னரோ கொல்லப்பட்டனர். ஹிஜ்ரி 279இல் (கி.பி. 892) தலைமைப்பீடம் பக்தாதுக்கே திரும்பியது. யஃகூபி தம் நூலை முடித்து ஓராண்டே கழிந்திருந்தது. இவ்வீழ்ச்சி முழுவதற்கும் குடியமர்வே காரணம் என்று நாம் கூற மாட்டோம். படையினரின் ஊதிய நெருக்கடியும் அரியணைப் போட்டியும் இருந்தன. ஆயினும், நகரத்தாருடன் உறவோ வணிகமோ அண்டைவீட்டு நட்போ இல்லாத படைக்கு, அந்நகரின் நலனில் என்ன பங்கு இருக்க முடியும்? பக்தாதின் சிக்கல் படையினரின் ஒழுங்கின்மை. அதற்குரிய மருந்து நீதி. முஃதஸிம் தேர்ந்தெடுத்ததோ தூரம்.

யஃகூபியின் குறைகளையும் மறைத்தலாகாது. பக்தாதின் மேல்கரையில் ஆறாயிரம் தெருக்கள், முப்பதாயிரம் பள்ளிவாசல்கள், பத்தாயிரம் குளியலகங்கள் என்கிறார். தெருவுக்கு ஐந்து பள்ளிவாசல் என்பதை எந்த நகரும் தாங்காது. இவ்வெண்கள் பெருமையின் அளவுகளேயன்றிக் கணக்கெடுப்பின் அளவுகளல்ல. மேலும் அவருடைய பார்வை அரசு அலுவலரின் பார்வை. படைத்தலைவர்களின் பெயர்கள் நிரம்பிய பக்கங்களில் கூலியாட்களும் கைம்பெண்களும் ஏழைகளும் எங்கு தங்கினர் என்பதற்கு விடை அரிது. மானியம் பெற்றவர் பெயரால் ஒரு தெரு அழைக்கப்படுவதால், நூறாண்டுக்குப் பின்னும் அங்கு அவர் இனத்தாரே வாழ்ந்தனர் என்று கொள்வதும் பிழை. பெயர் நிலைக்கும்; குடிகள் மாறுவர்.

ஒரு மறுப்பு எழலாம். புதிதாக வருவோர் தம் மொழி பேசுவோரின் அருகில் தங்க விரும்புவது எங்கும் காணப்படும் இயல்பல்லவா? ஆம், அதை நாம் மறுக்கவில்லை. ஆனால் அருகருகே வாழ்வது வேறு; அடைத்து வைக்கப்படுவது வேறு. விரும்பியபோது வெளியேறவும், பிறர் உள்ளே வந்து தங்கவும், மணவுறவு கொள்ளவும் வழி இருக்கிறதா என்பதே அளவுகோல். மதீனாவில் நபி (ஸல்) அவர்கள் முஹாஜிர்களுக்கும் அன்ஸாரிகளுக்கும் இடையே சகோதரத்துவப் பிணைப்பை ஏற்படுத்தியபோது, குலங்களின் இருப்பிடங்களைக் கலைக்கவில்லை. அவற்றின் கதவுகளைத் திறந்துவிட்டார்கள். அல்ஹுஜுராத் அத்தியாயம் இனங்களும் கோத்திரங்களும் படைக்கப்பட்டதன் நோக்கமாகக் கூறுவது ஒருவரையொருவர் அறிந்துகொள்வதையே. அறிமுகத்துக்கு வாயில் வேண்டும்.

இவ்வளவுகோல் பழங்கதைக்கு மட்டும் உரியதன்று. 2006 பிப்ரவரியில் அதே சாமர்ராவின் அஸ்கரீ அடக்கத்தலம் குண்டுவைத்துத் தகர்க்கப்பட்டதன் பின், பக்தாதில் ஸுன்னிகளும் ஷீஆக்களும் கலந்து வாழ்ந்த பகுதிகள் குருதி சிந்திப் பிரிந்தன. 2007 ஏப்ரலில் அமெரிக்கப் படையினர் அஃழமிய்யாவைச் சுற்றிக் கற்காரைச் சுவர் எழுப்பத் தொடங்கினர். இங்கு பிரிவினை இனத்தாலன்று, சமயப் பிரிவால். ஆனால் முறை முஃதஸிமின் முறையே. இதற்குச் சற்று முன்னர், 2005 ஆகஸ்ட் 31 அன்று, அஃழமிய்யாவையும் எதிர்க்கரைக் காழிமிய்யாவையும் இணைக்கும் அயிம்மா பாலத்தில் நெரிசலில் சிக்கி ஏறத்தாழ ஆயிரம் ஷீஆ யாத்திரிகர் மாண்டபோது, நீரில் தத்தளித்தோரை மீட்கப் பாய்ந்தவர்களுள் அஃழமிய்யாவின் ஸுன்னி இளைஞர்களும் இருந்தனர். மீட்கச் சென்று உயிரிழந்தவரும் உண்டு. பிரிந்து வாழ்வதே பிறவிக் குணம் என்போர் இதற்கு என்ன கூறுவர்?

நமது நாட்டிலும் முஸ்லிம்கள் தாமாகவே ஒதுங்கி வாழ்பவர்கள் என்ற பேச்சு பரவலாகக் கேட்கிறது. சச்சார் குழு 2006இல் அளித்த அறிக்கை, பாதுகாப்புக் குறித்த அச்சமே அவர்களைத் தனிக் குடியிருப்புகளுக்குள் தள்ளுகிறது என்பதைச் சுட்டிக்காட்டியது. 1992-93 மும்பைக் கலவரங்களுக்குப் பின்னர் அந்நகரின் புறத்தே உள்ள மும்ப்ரா பெருகிய கதை இதற்கு விளக்கம். அங்கும் வினைச்சொல்லுக்கு எழுவாய் உண்டு, தேடினால் கிடைக்கும். அதே வேளையில், நம்மவரிடையே தனித்து வாழ்வதையே மார்க்கப் பற்றின் அடையாளமாகப் புகழ்வோரும் உளர். அவர்கள் அறியாமலேயே அதே ஆயத்த விடையை மறுபுறத்திலிருந்து உறுதிப்படுத்துகின்றனர். அச்சத்தால் நேர்ந்ததை அறமாக்குதல் ஆகாது.

யஃகூபி நமக்கு விட்டுச் சென்றது பெருநகரம் பற்றிய கோட்பாடன்று. இரண்டு நகரங்களின் பதிவு. ஒன்றில் பல நாட்டாரும் தத்தம் மஹல்லாவில் தங்கிப் பொதுச் சந்தையில் சந்தித்தனர். அது பல இடர்களைத் தாண்டி இன்றும் மக்கள் வாழும் பெருநகராக நிற்கிறது. மற்றொன்றில் ஓர் இனம் ஆணையால் தனிமைப்படுத்தப்பட்டது. அத்தலைநகர் அறுபது ஆண்டுகள்கூட நிலைக்கவில்லை. அதன் இடிபாடுகளை 2007இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. முஸ்லிம் நகரத்தின் இயல்பு பற்றிப் பேச விரும்புவோர், அது யார் கிழித்த கோடு என்பதை முதலில் கேட்கட்டும். அல்லாஹ்வே நன்கறிந்தவன்.