மூன்று எண்களுக்குள் அடங்காத வரி

பக்கம் அமைக்கும் நிரல்களின் தரவுக் கட்டமைப்பைப் பொறுத்தவரை டொனால்ட் கனூத் சொன்னதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை என்ற பேச்சு கொஞ்ச காலமாகப் பலமாகக் கேட்கிறது. பெட்டி, பசை, தண்டம் என்ற மூன்றை வைத்துக்கொண்டு எந்த மொழியின் எந்தப் பக்கத்தையும் கட்டிவிடலாம் என்கிறார்கள். 2023இல் டைப்ஸ்ட் என்ற புதிய பக்க அமைப்பு நிரல் திறமூலமாக வெளிவந்தது. பத்தியை வரிகளாக உடைப்பதில் அதுவும் கனூத்தின் வழியையே எடுத்துக்கொண்டதால் இந்தப் பேச்சுக்கு வலு கூடிவிட்டது. தமிழ்ப் பதிப்பு வேலையில் கைதேர்ந்த நிரலாளர்களே இப்படிச் சொல்லும்போது பேசாமல் இருக்க என்னால் முடியவில்லை. அந்தக் கட்டமைப்பில் ஒரு பெரிய குறை இருக்கிறது. ஆங்கிலப் புத்தகம் போடுகிறவருக்கு அது அரிதாகவே தட்டுப்படும். கன்னடமும் தமிழும் ஒரே தாளில் அச்சாகும் ஊர்க்காரர்களுக்குத் தாளுக்குத் தாள் தட்டுப்படுகிறது.

அந்தக் கட்டமைப்பின் பெருமையை முதலில் சொல்லிவிடுகிறேன். 1977இல் தன் நூலின் மறுபதிப்புக்கு வந்த மெய்ப்பின் அழகின்மை பொறுக்காமல் கனூத் தொடங்கிய வேலைதான் டெக். எழுத்தும் சொல்லும் பெட்டி. சொல்லிடைவெளி நீளவும் சுருங்கவும் தெரிந்த பசை (ஸ்பிரிங் என்பதே பொருத்தமான பெயர் என்று அவரே ஒப்புக்கொண்டிருக்கிறார்). வேண்டாத இடத்தில் வரி உடைந்தால் அதற்கு ஒரு தண்டம். மைக்கேல் பிளாஸுடன் சேர்ந்து 1981இல் வெளியிட்ட கட்டுரை, வரிவரியாக நிரப்பிக்கொண்டு போகாமல் முழுப் பத்தியையும் ஒன்றாக எடைபோட்டு உடைக்கும் வழியைக் காட்டியது. ‘போய்க்கொண்டிருந்தவர்களுக்கெல்லாம்’ என்று ஒரே சொல்லில் அரை வரியை அடைக்கிற மொழிக்கு இது பெரிய உதவி. பசை குறைவாகக் கிடைக்கிற பத்தியில் எந்த வரி எவ்வளவு விட்டுக்கொடுக்க வேண்டும் என்று அளந்து சொல்ல இதற்கு நிகரான வழி இல்லை. கிடைவாக்கில் கனூத்தின் கட்டமைப்பு அற்புதமானது. என் சண்டை செங்குத்து வாக்கில்.

ஒரு வரி முடிவானதும் டெக் அதை ஒரு பெட்டிக்குள் வைத்து மூடுகிறது. பெட்டியின் மேல் எழுதியிருப்பது மூன்று எண்கள்: அகலம், எழுத்து நிற்கும் கோட்டுக்கு மேலே உயரம், கோட்டுக்குக் கீழே ஆழம். வரியிலேயே உயர்ந்த எழுத்தின் உயரம்தான் வரியின் உயரம். வரியிலேயே ஆழமாக இறங்கிய எழுத்தின் ஆழம்தான் வரியின் ஆழம். அந்த எழுத்து வரியின் தொடக்கத்தில் இருந்ததா, நடுவிலா, கடைசியிலா என்பது பெட்டிமேல் எழுதப்படவில்லை. அடுத்த வரியை எங்கே வைப்பது என்று தீர்மானிக்கும்போது கேட்கப்படுவது கீழ்வரியின் உயரமும் மேல்வரியின் ஆழமும் மட்டும்.

இது ஏன் எங்களை வதைக்கிறது என்பது புரிய எங்கள் ஊரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கொள்ளேகால் வட்டம் 1956 நவம்பர் வரை கோயம்புத்தூர் மாவட்டத்தைச் சேர்ந்தது. பிறகு மைசூர் மாவட்டம், 1997இலிருந்து சாமராஜநகர் மாவட்டம். அந்த வட்டத்திலிருந்து பிரிந்த ஹனூரில் கன்னடமும் தமிழும் பக்கத்துப் பக்கத்து வீடுகள். மலை மாதேஸ்வரர் கோயிலைத் தேடி ஈரோட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் சனம் வருகிறது. மார்டள்ளிப் பக்கம் தமிழ் பேசும் கத்தோலிக்கக் குடும்பங்கள். ஒடெயரபாளையத்தில் திபெத்தியர் குடியிருப்பு. கல்யாணப் பத்திரிகை, திருவிழா நோட்டீஸ், கருமாதிக் கடிதம் எதுவானாலும் இடப்பக்கம் கன்னடம், வலப்பக்கம் தமிழ் என்று கேட்பவர்கள் உண்டு. ஒரே செய்தி, ஒரே வரிசை, இரண்டு பத்தி. பெயருக்கு எதிரே பெயரும் நேரத்துக்கு எதிரே நேரமும் நிற்க வேண்டும்.

கன்னடத்தில் கூட்டெழுத்தின் இரண்டாம் மெய் முதல் எழுத்தின் காலடியில் போய்த் தொங்கும். அதை ஒத்து என்பார்கள். ‘கன்னட’ என்று எழுதினாலே ஒரு ஒத்து. ‘மாதேஸ்வர’ என்றால் ஒன்று. ‘ராஷ்ட்ர’ என்றால் இரண்டு அடுக்கு. தமிழில் இந்த அளவுக்கு ஆழம் இல்லை. து, நு, ணு முதலிய எழுத்துகளின் வால் சற்று இறங்கும், அழைப்பிதழில் கட்டாயம் வரும் ‘ஸ்ரீ’ இன்னும் கொஞ்சம் இறங்கும். ஆனால் கன்னட வரியின் ஆழம் ஒத்து வந்தால் ஒன்று, வராவிட்டால் வேறொன்று.

முதன்முதலாக ஒரு கோயில் விழா அழைப்பிதழை, டெக்கின் மேல் இயங்கும் லேட்டெக்கில் இரண்டு பத்தியாக அமைத்து அச்சகத்துக்கு எடுத்துப் போனேன். ஈய எழுத்துக் காலத்திலிருந்து கம்போசிங் செய்த பெரியவர் ஒருவர் தாளைக் கண்ணருகில் தூக்கிச் சாய்த்துப் பார்த்தார். “தம்பி, தமிழ் நேரா நிக்குது. கன்னடம் ஏன் படி இறங்குது?” என்றார். அப்போது பதில் தெரியவில்லை. பிறகு கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

வரிக்கு வரி 14 பாயிண்ட் என்று சொல்லியிருக்கிறோம். மேல்வரியில் எங்கோ ஒரு ஒத்து இருப்பதால் அதன் ஆழம் 5.2. கீழ்வரியில் எங்கோ ஓர் எழுத்தின் தலைமேல் கொக்கி எழும்பியிருப்பதால் அதன் உயரம் 9.3. கூட்டினால் 14.5, பதினான்குக்குள் அடங்கவில்லை. உடனே டெக் 14 என்ற கட்டளையை அந்த இடத்தில் கைவிட்டு, இரண்டு பெட்டிக்கும் நடுவே 1 பாயிண்ட் இடைவெளி விடுகிறது. ஆக 15.5. அடுத்த வரியில் ஒத்து இல்லை, பழையபடி 14. அதற்கடுத்து மறுபடி 15.5. பத்தியில் நான்கு இடத்தில் இப்படி நேர்ந்தால் 6 பாயிண்ட் நழுவுகிறது, ஏறக்குறைய அரை வரி. எதிரே தமிழ்ப் பத்தி நழுவாமல் நிற்கிறது. அப்பாவின் பெயருக்கு எதிரே அம்மாவின் பெயர் வந்து நிற்கத் தொடங்குகிறது.

இதில் எனக்கு ஆறாத விஷயம், அந்த இடங்களில் மோதலே இல்லை என்பதுதான். ஒத்து தொங்குவது வரியின் மூன்றாவது எழுத்தின் கீழே. கீழ்வரியில் கொக்கி எழும்புவது இருபதாவது எழுத்தில். ஒன்றையொன்று தொட வழியே இல்லை. இரண்டு வரியும் ஒன்றின் பள்ளத்தில் மற்றொன்றின் மேடு பொருந்தி அழகாக உட்காரும். கண்ணுக்குத் தெரிவது பெட்டிக்குத் தெரியவில்லை, ஏனென்றால் வரியின் விளிம்பை நாம் அதற்கு எழுதிக்கொடுக்கவே இல்லை. வரி முழுக்க 5.2 ஆழத்துக்கு மை நிரம்பியிருப்பதாக அது நினைத்துக்கொள்கிறது.

இதற்குத் தீர்வு இருக்கிறதே என்பார்கள்: மோதலைச் சோதிக்கும் எல்லையை ஒரு பெரிய எதிர்மறை எண்ணாக வைத்துவிட்டால் டெக் எதையும் சோதிக்காமல் பதினான்கு பதினான்காக வைத்துக்கொண்டு போகும். போகும்தான். ‘ராஷ்ட்ர’வின் இரட்டை ஒத்து நிஜமாகவே கீழ்வரியின் கொக்கியில் போய் இடிக்கும் இடத்திலும் அப்படியே போகும். எல்லா வரியையும் சந்தேகப்படு, அல்லது எந்த வரியையும் சந்தேகப்படாதே. இந்த இரண்டைத் தவிர மூன்று எண்களை வைத்துக்கொண்டு வேறு கேள்வி கேட்க இயலாது. கட்டமைப்பில் இல்லாத செய்தியை எந்த அல்காரிதமும் வரவழைக்க முடியாது. விசைகளை எப்படித் திருகினாலும் இது மாறாது.

ஈய எழுத்தும் செவ்வகம்தானே என்று ஒருவர் என்னிடம் வாதிட்டார். ஆமாம், ஆனால் ஈயத்தில் ஒரு அளவுக்குள்ள அச்செழுத்து எல்லாம் ஒரே உடம்பு. ஒத்து இருந்தாலும் இல்லாவிட்டாலும் உடம்பின் உயரம் மாறாது. வார்க்கும்போதே அதற்குள் அடக்கிவிட்டிருப்பார்கள். அதனால் வரிகள் ஒருபோதும் படி இறங்கியதில்லை. பெரியவரின் கண்ணுக்கு அது உடனே உறுத்தியதன் காரணமும் இதுதான். கனூத்தின் பெட்டி ஈயத்தின் உடம்பும் இல்லை, மையின் உருவமும் இல்லை. உயரமும் ஆழமும் எழுத்துக்கு எழுத்து மாறும்படி விட்டு, அவை எங்கே மாறுகின்றன என்பதை மட்டும் துறந்துவிட்ட நடுவாந்திரம் அது.

நினைவகம் அரிதாக இருந்த காலத்தில் செய்தது என்ற பதிலை நான் மதிக்கிறேன். டெக்கின் பழைய எழுத்துருக் கோப்பில் ஓர் எழுத்துக்கு உயரத்தைக் குறிக்க நான்கே பிட், ஆழத்தைக் குறிக்க நான்கே பிட். அதாவது ஒரு எழுத்துருவில் பூஜ்யத்தையும் சேர்த்து 16 உயரங்களும் 16 ஆழங்களும்தான் இருக்கலாம்; அகலத்துக்கோ 256. எது முக்கியம், எது முக்கியமில்லை என்று நினைத்தார்கள் என்பது அந்தப் பிட் கணக்கிலேயே தெரிகிறது. அன்று ரோமன் எழுத்துக்கு அது நியாயமான பங்கீடு. அந்தப் பங்கீடு பிற்காலத்தில் தானாகச் சரியாகவில்லை. ஜோனதன் கியூ உருவாக்கிய ஸீடெக் 2004இல் வந்து யூனிகோடையும் பின்னர் ஓப்பன்டைப்பையும் திறந்துவிட்டது. எங்களைப் போன்றவர்களுக்கு அது பெரிய விடுதலை, மறுக்கவில்லை. ஆனால் அது ஒரு சொல்லை முழுதாக எடுத்து வடிவமைப்பு எந்திரத்திடம் கொடுத்து, திரும்பி வந்ததை ஒரே கணுவாக மூடிவைக்கிறது. முன்பு பெட்டிக்குள் எழுத்தெழுத்தாகவாவது பார்க்க முடிந்தது. இப்போது சொல்லே மூடிய பெட்டி, மேலே அதே மூன்று எண்.

மற்ற கருவிகளும் இதே செவ்வகத்தைத்தான் வேறு வேறு விதமாகப் பிடித்திருக்கின்றன. வேர்டில் ஒற்றை இடைவெளி என்றால் கன்னட எழுத்துருவின் முழு உயரமும் வரியைத் தள்ளும். ‘மிகச்சரியாக இத்தனை பாயிண்ட்’ என்று வைத்தால் திரையில் ஒத்தின் கால் வெட்டுப்படும். இன்டிசைனில் லீடிங் என்பது வெறும் எண். மோதினாலும் அது கவலைப்படாது. டைப்ஸ்ட்டோ இயல்பாக வரியின் மேல்விளிம்பை ஆங்கிலப் பெரிய எழுத்தின் உயரத்திலும் கீழ்விளிம்பை எழுத்து நிற்கும் கோட்டிலும் வைத்துவிடுகிறது. கோட்டுக்குக் கீழே எதுவும் இல்லை என்பதே அதன் தொடக்க நம்பிக்கை. நாற்பத்தைந்து ஆண்டுக்குப் பிறகு, நினைவகத்துக்குப் பஞ்சமில்லாத காலத்தில், புதிதாகத் தொடங்கிய ஒரு கருவி இந்தத் தேர்வைச் செய்ததை என்னால் ஏற்க முடியவில்லை.

வேண்டியது பெரிய மாற்றமில்லை. வரியைப் பெட்டியில் மூடும்போது உயரம், ஆழம் என்ற இரண்டு எண்ணுக்குப் பதிலாக இரண்டு பட்டியல் வைக்க வேண்டும்: இடமிருந்து வலமாக, இந்த இடத்திலிருந்து இந்த இடம் வரை இவ்வளவு மேலே, இவ்வளவு கீழே. மேல்வரியின் கீழ்ப்பட்டியலையும் கீழ்வரியின் மேல்பட்டியலையும் பக்கத்தில் வைத்து ஒருமுறை நடந்து வந்தால் எந்த இடத்தில் எவ்வளவு நெருக்கம் என்பது தெரிந்துவிடும். வரியில் நாற்பது எழுத்து என்றால் எண்பது ஒப்பீட்டுக்குள் முடிகிற வேலை. இது என் கற்பனையுமில்லை. இசைக் குறியீடு அச்சிடும் லில்லிபாண்ட் நிரலில் வரிகளை அடுக்குவதற்கு இதே கட்டமைப்பைத்தான் வைத்திருக்கிறார்கள். தூரத்தில் தெரியும் நகரத்தின் கட்டட விளிம்பைப்போல இருப்பதால் அதற்கு ஸ்கைலைன் என்று பெயர். டெக் குடும்பத்தைச் சேர்ந்த கான்டெக்ஸ்ட்டில் ஹான்ஸ் ஹாகன் வரிகளின் விளிம்பை ஒப்பிடும் வசதி ஒன்றைச் செய்திருக்கிறார். லுவாடெக்கில் வரி சேரும் இடத்தில் குறுக்கிட ஒரு கதவும் இருக்கிறது. செய்ய முடியும் என்பது நிரூபணமான விஷயம். ஆனால் எல்லாமே கேட்டால் கிடைக்கிற கூடுதல் வசதி. இயல்பாக நடப்பது செவ்வகம்தான், இந்திய மொழிகளுக்கு இயல்பாக நடப்பதுதான் அச்சில் வருகிறது.

இதோடு ஒட்டிய இன்னொரு குறை: டெக்கில் எந்தப் பெட்டிக்கும் தான் தாளில் எங்கே இருக்கிறோம் என்று தெரியாது. எல்லாம் ஒன்றையொன்று சார்ந்த தூரங்கள். பக்கம் வெளியே போகும் நொடியில்தான் இடம் தீர்மானமாகிறது. இடப்பத்தியின் பன்னிரண்டாம் வரி எங்கே நிற்கிறது என்று வலப்பத்தி கேட்க வேண்டுமானால், ஒருமுறை ஓட்டி, இடத்தைக் கோப்பில் எழுதவைத்து, மறுமுறை ஓட்டிப் படிக்க வேண்டும். ஒரே மொழிப் புத்தகத்துக்கு இது சின்னத் தொல்லை. எதிரெதிரே வரி நிற்க வேண்டிய தாளுக்கு இது தினப்படி வேலை.

அந்த அழைப்பிதழைக் கடைசியில் எப்படி முடித்தேன் என்றால், சோதனையை அணைத்துவிட்டு எல்லா வரியையும் 14இல் வைத்தேன். பெரிதாக்கிப் படியெடுத்து, கன்னடப் பத்தியை வரிவரியாக விரல் வைத்துப் பார்த்தோம். டெக் தள்ளிவைத்திருந்த வரிகளில் நிஜமாக இடித்தது ஒன்றுதான். ‘ஸ்த்ரீ’ என்ற சொல்லின் கீழே, அடுத்த வரியின் கொக்கி. பெரியவர் பென்சிலால் அந்த இடத்தை வட்டமிட்டார். கீழ்வரியில் இரண்டு சொற்களை இடம் மாற்றினேன். கொக்கி நான்கு எழுத்து தள்ளிப் போனது. தாள் அச்சுக்குப் போனது.