விழுக்காட்டுக்கு வெளியே நிற்பவள்

எங்கள் தமிழ்த் துறையில் ஒரு பிற்பகல் முழுவதையும் வினைச்சொற்களுக்காகச் செலவழித்தோம். இளங்கலைத் தமிழ்ப் பாடத்திட்டத்தைப் புதுப்பிக்கும் வேலை அது. ஒவ்வொரு தாளுக்கும் ஐந்து 'கற்றல் விளைவுகள்' எழுத வேண்டும். ஒவ்வொரு விளைவும் அளந்து பார்க்கக்கூடிய வினைச்சொல்லில் முடிய வேண்டும் என்பது விதி. 'உணர்வர்' கூடாது, 'சுவைப்பர்' கூடாது. உணர்ந்ததை எதைக் கொண்டு அளந்தீர்கள் என்று கேட்பார்கள். 'பட்டியலிடுவர்', 'விளக்குவர்', 'ஒப்பிடுவர்' என்றால் கேள்வி வராது. சங்க இலக்கியத் தாளுக்கு எழுதியிருந்த 'நயப்பர்' என்ற சொல்லை அடித்துவிட்டு 'வகைப்படுத்துவர்' என்று போட்டோம். எழுதியதும் நான், அடித்ததும் நான்.

ஆகவே இதை வெளியில் நின்று குற்றம்சாட்டுகிறவளாக எழுதவில்லை. அந்த எக்செல் தாள்களை இரவு பதினொரு மணிக்கு, அடுப்படி வேலை முடிந்த பிறகு, நிரப்பிய எத்தனையோ ஆசிரியைகளில் நானும் ஒருத்தி. நிரப்பும்போது உறுத்திய சிலவற்றை இங்கே வரிசையாக வைத்துப் பார்க்க விரும்புகிறேன்.

இந்த வினைச்சொற்களுக்கு ஒரு வரலாறு இருக்கிறது. எங்கள் வினாத்தாள்களில் ஒவ்வொரு கேள்விக்கும் பக்கத்தில் கே1 முதல் கே6 வரை ஒரு குறியீடு இருக்கும். நினைவுகூர்தல், புரிந்துகொள்ளுதல், பயன்படுத்துதல், பகுத்தாய்தல், மதிப்பிடுதல், படைத்தல் என்ற ஆறு படிகள் அவை. அமெரிக்கக் கல்வியியலாளர் பெஞ்சமின் புளூம் தலைமையில் ஒரு குழு 1956-இல் வெளியிட்ட வகைப்பாடு இதன் மூலம். 2001-இல் அது திருத்தப்பட்டபோது படிகளின் பெயர்கள் வினைச்சொற்களாயின, 'படைத்தல்' உச்சிக்குப் போனது. முதலில் இதை உருவாக்கக் கூடியவர்கள் கல்லூரித் தேர்வு நடத்துநர்கள். ஒரு கல்லூரியின் தேர்வுக் கேள்விகளை இன்னொரு கல்லூரியும் எடுத்துக்கொள்ள வசதியாக ஒரு பொது மொழி அவர்களுக்குத் தேவைப்பட்டது. கேள்விகளை வகைபிரிக்கச் செய்த அந்தக் கருவியைக் கொண்டுதான் இன்று பெண்களின் மூன்றாண்டுப் படிப்பை அளக்கிறோம்.

1956-இல் வந்தது முதல் தொகுதி மட்டுமே. அது அறிவு சார்ந்தது. உணர்வும் மதிப்பீடுகளும் சார்ந்த இரண்டாம் தொகுதி 1964-இல் வந்தது. கவனித்தல், எதிர்வினையாற்றுதல், ஒன்றை மதிப்புடையதாக ஏற்றல், அதைத் தன் வாழ்வின் ஒழுங்காக்கிக்கொள்ளுதல் என்று அதற்கும் படிகள் உண்டு. அந்தத் தொகுதி எங்கள் வினாத்தாள்கள் வரை வந்து சேரவில்லை. அறிவு ஒரு பக்கம், உணர்வு மறுபக்கம் என்று பிரித்து, முன்னதைத் தேர்வுக்கும் பின்னதை வீட்டுக்கும் ஒதுக்கும் பழக்கம் பெண்களுக்குப் புதிதல்ல. அந்தப் பழக்கம் இங்கே அட்டவணையாகவே வந்துவிட்டது.

கணக்கு எப்படி நடக்கிறது என்பதை மாணவிகளுக்கு யாரும் சொல்வதில்லை. அதனால் சொல்கிறேன். ஒவ்வொரு தாளின் விளைவையும் பட்டப்படிப்பின் பொது விளைவுகளோடு பொருத்தி 3, 2, 1 என்று எண் போடுவோம். 3 என்றால் வலுவான தொடர்பு, 1 என்றால் மெல்லிய தொடர்பு. பிறகு அகமதிப்பீட்டிலும் பருவத் தேர்விலும் நீங்கள் எடுத்த மதிப்பெண்களைக் கேள்வி வாரியாகப் பிரித்து அந்தந்த விளைவின் கணக்கில் சேர்ப்போம். இலக்காக வைத்த மதிப்பெண்ணை எத்தனை விழுக்காட்டினர் தொட்டார்கள் என்று பார்த்து 'அடைவு நிலை' குறிப்போம். கடைசியில் உங்களிடம் ஒரு கருத்துப் படிவம் தருவோம், அதற்கும் ஒரு பங்கு உண்டு. இவையெல்லாம் கோப்பாகி, 'நாக்' குழு வரும்போது மேசைமேல் இருக்கும்.

இந்தக் கணக்கில் என்ன விடுபடுகிறது என்பதை ஒரு விடைத்தாள் எனக்குக் காட்டியது.

குறுந்தொகையில் வெள்ளிவீதியாரின் பாடல் ஒன்று உண்டு, இருபத்தேழாவது பாட்டு. பிரிவில் வாடும் தலைவி, வீணாகும் தன் அழகைப் பற்றிச் சொல்வது. பாடலை விளக்குக என்று ஐந்து மதிப்பெண் கேள்வி கேட்டிருந்தோம். கே2, அதாவது புரிந்துகொள்ளுதல். விடைக்குறிப்பில் திணைக்கு ஒன்று, துறைக்கு ஒன்று, உவமைக்கு ஒன்று, பொருளுக்கு இரண்டு. இரண்டாம் ஆண்டு மாணவி ஒருத்தி திணையை எழுதியிருந்தாள், துறையை எழுதவில்லை. உவமையை ஒரு வரியில் முடித்திருந்தாள். பிறகு ஒரு பக்கம் முழுக்க வேறொன்றை எழுதியிருந்தாள். அழகு யாருக்கும் பயன்படவில்லை என்று சொல்லவரும் தலைவி, அந்த 'யாருக்கும்' பட்டியலில் தன்னைத்தான் முதலில் வைக்கிறாள், தலைவன் இரண்டாவதாகத்தான் வருகிறான் என்பதைக் கவனித்திருந்தாள். ஒரு பெண்ணின் அழகு முதலில் அவளுக்கே உரியது என்று இந்தக் கவிஞர் நினைத்திருக்கிறார், எங்கள் வீட்டில் அழகு என்றால் மாப்பிள்ளை வீட்டார் பார்ப்பதற்கு என்றுதான் அர்த்தம் என்று முடித்திருந்தாள்.

இருபது ஆண்டுகளாக அந்தப் பாடலைப் படித்துவருகிறேன். அந்த வரிசைமுறையை நான் கவனித்ததில்லை.

விடைக்குறிப்பின்படி அவளுக்கு மூன்று மதிப்பெண் வரும். மூன்றரை போட்டேன். கேள்வி இரண்டாம் படியில் நின்றது. அவள் நான்காம், ஐந்தாம் படிகளில் ஏறி நின்று பதில் எழுதியிருந்தாள். கேட்ட படிக்கு மேலே போகிறவளுக்கு எங்கள் அட்டவணையில் கட்டம் கிடையாது. துறையை மனப்பாடமாக எழுதிய பலர் நான்கரை வாங்கினார்கள்.

ஐந்தாம் பருவம் தொடங்கியபோது அவள் வரவில்லை. ஆடி கழிந்ததும் கல்யாணம் என்று தோழிகள் சொன்னார்கள். தொலைபேசியில் அழைத்தேன். "படிக்க வைக்கிறேன்னு சொல்லியிருக்காங்க மேடம்" என்றாள். வரவில்லை.

அந்த ஆண்டின் அடைவுக் கணக்கை நான்தான் போட்டேன். தேர்வு எழுதியவர்கள் பெயர் மட்டுமே தாளில் இருக்கும் என்பதால் அவள் பெயர் அதில் இல்லை. இதை ஓர் எடுத்துக்காட்டுக் கணக்காகப் போட்டுப் பாருங்கள். ஒரு வகுப்பில் 60 பேர் சேர்கிறார்கள். மூன்றாண்டுகளில் 12 பேர் நின்றுவிடுகிறார்கள். மீதி 48 பேரில் 36 பேர் இலக்கைத் தொட்டால் அடைவு 75 விழுக்காடு. 70-ஐத் தாண்டினால் உயர்ந்த நிலை என்று வைத்திருக்கும் கல்லூரியில் அது முழு வெற்றி. அதே 36 பேரைச் சேர்ந்த 60 பேரோடு வகுத்தால் 60 விழுக்காடுதான். பள்ளியில் பின்னம் படித்தபோது கோட்டுக்குக் கீழே இருக்கும் எண்ணைப் 'பகுதி' என்போம். படிப்பை நிறுத்தியவள் தோல்வியடைந்தவளாகக்கூடப் பதிவாவதில்லை. பகுதியிலிருந்தே நழுவிப்போகிறாள். அவள் போனதால் எங்கள் விழுக்காடு ஏறுகிறது என்பதுதான் இந்தக் கணக்கில் எனக்கு மிகவும் கசந்தது. அவளைப் பாதியில் நிறுத்திய குடும்பத்துக்கும் எங்கள் வெற்றி அறிக்கைக்கும் இடையில் எழுதப்படாத ஓர் உடன்பாடு இருப்பதைப் போலத் தோன்றியது.

அப்படியானால் இந்த அளவைகளையெல்லாம் தூக்கி எறிந்துவிடலாமா? அந்தக் காலத்தில் ஆசிரியர் மனம்போல் கற்பித்தார், மனம்போல் மதிப்பிட்டார், அது பொற்காலம் என்று சொல்லும் மூத்த பேராசிரியர்கள் உண்டு. நான் மாணவியாக இருந்த காலத்தில் அந்தப் பொற்காலத்தைப் பார்த்திருக்கிறேன். அகமதிப்பீட்டு மதிப்பெண் என்பது அடக்கத்துக்குக் கிடைக்கும் கூலியாக இருந்தது. எதிர்த்துக் கேள்வி கேட்டவளுக்கும், துப்பட்டாவை ஒழுங்காகப் போடாதவளுக்கும், ஆண் நண்பரோடு பேருந்து நிறுத்தத்தில் நின்றவளுக்கும் அது குறையும். ஏன் குறைந்தது என்று கேட்க வழியில்லை. எதற்கு எவ்வளவு மதிப்பெண் என்று முன்கூட்டியே எழுதி ஒட்டப்பட்ட ஓர் அட்டவணை, அப்படிப்பட்ட ஆசிரியரின் கையைக் கட்டிப்போடும். முதல் தலைமுறையாகக் கல்லூரிக்கு வருகிறவளுக்கு, 'நல்ல கட்டுரை' என்றால் என்ன என்று வீட்டில் சொல்லித்தர யாருமில்லாதவளுக்கு, எழுதிவைக்கப்பட்ட எதிர்பார்ப்பு ஒரு பிடிமானம். வெளிப்படையான அளவுகோல் பெண்களுக்குச் சாதகமானது என்றே நினைக்கிறேன். அது எதை அளக்கிறது, யாரை எண்ணுகிறது, யாருக்காகக் கோப்பில் போகிறது என்பவைதான் என் கேள்விகள்.

மதிப்பீடு செய்யப் போன ஒரு பெண் நம் இலக்கியத்தில் இருக்கிறார். புறநானூற்றின் தொண்ணூற்றைந்தாம் பாடலில் ஔவையார், அதியமானின் தூதராகத் தொண்டைமானிடம் போகிறார். தொண்டைமான் தன் படைக்கலக் கொட்டிலைக் காட்டுகிறான். நெய் பூசி, பீலி சூட்டி, காவலோடு அடுக்கப்பட்ட ஆயுதங்கள். ஔவையார் அவற்றைப் புகழ்வதுபோலப் புகழ்ந்துவிட்டு, எங்கள் அரசனுடைய வேல்களோ முனை முறிந்து கொல்லன் உலைக்கூடத்தில் கிடக்கின்றன என்கிறார். கேட்டவனுக்குப் புரிந்திருக்கும். பளபளப்பு, பயன்படுத்தப்படாததன் அடையாளம். தரக்குழு வரும் நாளில் எங்கள் துறை அலமாரியைத் திறந்து காட்டும்போதெல்லாம் இந்தப் பாடல் நினைவுக்கு வரும். சுருள்கம்பி போட்ட கோப்புகள், வண்ணப் பிரிப்பான்கள், கையெழுத்தும் முத்திரையும். அடித்துத் திருத்தப்பட்ட விடைத்தாள் ஒன்றாவது அந்த அலமாரியில் இருந்ததில்லை.

அடுத்த சுற்றுத் திட்டமிடலுக்கு நான் எழுதி வைத்திருப்பவை நான்கு.

முதலாவது, அடைவுத் தாளில் இன்னொரு நிரல். தேர்வு எழுதியவர்களோடு, முதலாண்டில் சேர்ந்தவர்களின் எண்ணிக்கையும் அருகருகே இருக்க வேண்டும். நின்றவர்கள் ஏன் நின்றார்கள் என்று காரணம் எழுத ஓர் இடம். திருமணம், கட்டணம், பேருந்து இல்லாமை, அம்மாவின் நோய் எதுவானாலும். அது துறையின் கற்றல் விளைவுதான்.

இரண்டாவது, ஒரே பாடலை இருமுறை படிப்பது. முதல் பருவத்தின் முதல் வாரத்தில் ஒரு பாடலைத் தந்து, குறிப்புகள் எதுவும் தராமல், தோன்றுவதை எழுதச் சொல்வது. ஆறாம் பருவத்தில் அதே பாடலை மறுபடி தருவது. இரண்டு தாள்களையும் பக்கத்தில் வைத்தால் மூன்றாண்டுகளில் அவள் எங்கிருந்து எங்கே வந்திருக்கிறாள் என்று தெரியும். மதிப்பெண் விழுக்காடு சேர்ந்த இடத்தைத்தான் சொல்லும், நடந்த தூரத்தைச் சொல்லாது.

மூன்றாவது, மதிப்பீட்டு அட்டவணையை மாணவிகளோடு உட்கார்ந்து எழுதுவது. விடைக்குறிப்பில் இல்லாத ஒன்றை, பாடலிலிருந்து ஆதாரம் காட்டி நிறுவினால் அதற்கென்று தனி மதிப்பெண். அந்த ஒரு வரி அன்று இருந்திருந்தால் அந்த விடைத்தாளுக்கு ஐந்துக்கு ஐந்து போட்டிருப்பேன்.

நான்காவது, அளக்கக் கூடாதவற்றின் பட்டியல். பெண்ணியத் தாள் நடக்கும் வகுப்பில் மாணவிகள் சில நேரம் வீட்டில் நடந்ததைச் சொல்வார்கள். குரல் உடையும். 'மனப்பான்மை மாற்றத்துக்குச் சான்று' என்று அதைக் கோப்பில் சேர்க்க ஆசை வரும். 1964-ஆம் ஆண்டின் அந்த இரண்டாம் தொகுதி எங்களிடம் வராததைப் பற்றி மேலே குறைப்பட்டுக்கொண்டேன். ஆனால் உணர்வும் அளவைக்குள் வந்துவிட்டால், சரியாக உணரத் தெரிந்தவளுக்குக் கூடுதல் மதிப்பெண் என்றாகிவிடும். உணர்வுக்கு வகுப்பறையில் நேரம் வேண்டும், மதிப்பெண் வேண்டாம். நம்பிச் சொன்னது வகுப்போடு நிற்க வேண்டும்.

முதல் நிரலைப் பற்றித் துறையில் சொன்னேன். "அதை யாரும் கேட்கலையே மேடம், நாமளா எதுக்குக் குறைச்சுக் காட்டணும்?" என்றார் உடன் பணியாற்றும் ஒருவர். அவர் சொன்னதில் தவறில்லை. இறுதியாண்டில் தேர்வு எழுதியவர்களில் எத்தனை பேர் தேர்ச்சி என்றுதான் படிவம் கேட்கிறது. கேட்காததைச் சொல்வதால் புள்ளி குறையலாம், புள்ளி குறைந்தால் நிதி குறையலாம், அதன் சுமையும் இங்கே படிக்கும் பெண்கள்மேல்தான் விழும். இதை யோசிக்காமல் பேசுவது எளிது.

ஆகவே இப்போதைக்குத் தரக்குழுவுக்குப் போகும் தாளில் அந்த நிரல் இல்லை. துறை வருகைப் பதிவேட்டின் கடைசிப் பக்கத்தில் பென்சிலால் கோடு போட்டு வைத்திருக்கிறேன். சேர்ந்தவர்கள், நின்றவர்கள், காரணம். மூன்றாண்டுப் பெயர்கள் ஏறியிருக்கின்றன. வரும் பாடத்திட்டக் குழுக் கூட்டத்துக்கு அந்தப் பக்கத்தை எடுத்துப்போகப் போகிறேன். இதை வாசிக்கும் ஆசிரியைகள் தங்கள் துறையிலும் அப்படி ஒரு பக்கம் தொடங்கினால், அடுத்த முறை கேட்கும்போது நான் தனியாகக் கேட்க வேண்டியிருக்காது. மாணவிகளாக இருந்தால், உங்கள் வகுப்பில் முதல் நாள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் இப்போது எங்கே என்று ஒருமுறை விசாரியுங்கள்.