விளக்கும் விருந்தும் வகுப்பறையும்

நியூயோர்க் நகரின் புரோட்வே அரங்குகள் மொத்தம் 41. ஒவ்வொரு பருவமும் தொடங்குமுன் அங்கு என்னென்ன மேடையேறப் போகின்றன என்ற அறிவிப்பை நாடக ஆர்வலர்கள் உலகமெங்கும் எதிர்பார்த்திருப்பர். அந்த அறிவிப்பில் ஒரு முஸ்லிம் பெயர் தென்பட்டால் நம்மவர்கள் கேட்பது ஒரே கேள்விதான்: "எங்களப் பத்தி நல்லமாச் சொல்லீக்காங்களா, கூடாமச் சொல்லீக்காங்களா?"

ஒரு நாடகத்தை அளக்க இந்தக் கேள்வி போதாது என்பது என் கருத்து. அந்நகரில் மேடையேறிய மூன்று படைப்புகளைக் கொண்டு அதை விளக்கப் பார்க்கிறேன். இரண்டாவதையும் மூன்றாவதையும் அச்சுப் பிரதியாகவே படித்தேன். ஆகவே நடிப்பையோ காட்சியமைப்பையோ பற்றி இங்கு பேசவில்லை.

முதலாவது, டிஸ்னி நிறுவனத்தின் 'அலாவுதீன்' இசை நாடகம். 2014 இல் நியூ அம்ஸ்டர்டாம் அரங்கில் தொடங்கியது. கொவிட் காலத்தில் அரங்குகள் மூடப்பட்டபோது நின்று, பின்னர் தொடர்ந்தது. இதன் மூலமான 1992 ஆம் ஆண்டுத் திரைப்படத்தின் தொடக்கப் பாடல் அரபு மக்களை இழிவுபடுத்துவதாக அமெரிக்க அரபு அமைப்பொன்று எதிர்ப்புத் தெரிவித்தது. அதனால் 1993 இல் அதன் வரிகள் மாற்றப்பட்டன. எதிர்ப்பு நியாயமானது, பலனும் கிடைத்தது. ஆனால் வரி திருந்திய பிறகும் அக்ரபா என்ற அந்தக் கற்பனை நகரில் அரபு மனிதர் எவரும் குடியேறவில்லை. அங்கே இருப்பது விளக்கும் பூதமும் பறக்கும் கம்பளமும் மட்டுமே. இந்தக் கதையை 1709 இல் பாரிஸில் அந்துவான் கலானுக்குச் சொன்னவர் ஹன்னா தியாப் என்னும் அலெப்போ நகரத்து இளைஞர். அவர் ஒரு மரோனைற் கிறிஸ்தவர். கதை சொன்ன மனிதர் மறக்கப்பட்டார், விளக்கு மட்டும் மிஞ்சியது.

இரண்டாவது, பாகிஸ்தான் வம்சாவளி அமெரிக்கரான அயாத் அக்தரின் 'டிஸ்கிரேஸ்ட்'. 2012 இல் சிக்காகோவில் அரங்கேறி, 2013 இல் புலிட்சர் பரிசு பெற்று, 2014 இல் புரோட்வேக்கு வந்தது. அப்துல்லா என்ற குடும்பப் பெயரைக் கபூர் என்று மாற்றிக்கொண்ட அமீர் ஒரு சட்டத்தரணி. மார்க்கத்தைக் கைவிட்டவன். வீட்டில் ஓர் இரவு விருந்து. பேச்சு முற்றும்போது, செப்டெம்பர் 11 அன்று தனக்குள் ஒரு கணம் பெருமிதம் எழுந்ததாகச் சொல்லிவிடுகிறான். இரவு முடிவதற்குள் மனைவியை அடித்தும் விடுகிறான்.

"கூடாமச் சொல்லீக்கி" என்று இதைத் தள்ளிவிடுவது இலேசு. நான் அப்படித் தள்ளமாட்டேன். பெயரை மாற்றிய மனிதனுக்குள் கிடக்கும் பயத்தை அக்தர் அறிந்தே எழுதியிருக்கிறார். என் மனக்குறை வேறு. விருந்துக்கு வந்தவர்கள் எதைப் பேசினாலும் அது கடைசியில் ஒரே விசாரணையில்தான் போய் முடிகிறது: இஸ்லாம் எப்படிப்பட்டது? அமீர் சோறு தின்னும்போதும் சாட்சிக் கூண்டில்தான் நிற்கிறான். எதிர்த்துச் சாட்சி சொன்னாலென்ன, சார்பாகச் சொன்னாலென்ன, கூண்டு கூண்டுதானே?

மூன்றாவது, ஈரானிய வம்சாவளியினரான சனாஸ் தூசியின் 'இங்கிலிஷ்'. 2022 இல் நியூயோர்க்கில் அரங்கேறியது, 2023 இல் புலிட்சர் பரிசு, 2025 ஜனவரியில் புரோட்வே. ஈரானின் கராஜ் நகரில், 2008 இல், டோஃபல் பரீட்சைக்கான ஒரு வகுப்பறை. நான்கு மாணவர்கள், ஓர் ஆசிரியை. அவ்வளவுதான். அவர்களுடைய ஈமானை யாரும் விசாரிக்கவில்லை. ஒருத்திக்கு வைத்தியப் படிப்புக்காக அவுஸ்திரேலியா போக வேண்டும். வயதான ரோயாவுக்குக் கனடாவிலிருக்கும் பேத்தியோடு நாலு வார்த்தை பேச வேண்டும். பிள்ளையோடு இங்கிலிஷில்தான் பேச வேண்டும் என்பது மகனின் நிபந்தனை.

இந்த ரோயாவை நமக்குத் தெரியும். கொழும்பிலும் கண்டியிலும் சிங்கள மொழிமூலமும் ஆங்கில மொழிமூலமும் படிக்கும் பேரப்பிள்ளைகளுக்கு முன்னால் சொல் தேடித் தவிக்கும் வாப்பும்மாமார் எத்தனை பேர்!

தூசியின் உத்தி எளியது. பாத்திரங்கள் பாரசீகம் பேசுவதாகக் கொள்ளும்போது நடிகர்கள் தடையற்ற ஆங்கிலத்தில் பேசுவர். ஆங்கிலம் பேசும்போது திக்கித் திணறுவர். தாய்மொழியில் கெட்டிக்காரியாக இருப்பவள் அந்நிய மொழியில் எப்படிச் சிறுத்துப் போகிறாள் என்பதை விளக்கவுரை இல்லாமலே காண்கிறோம். இதிலும் குறை உண்டு. சபையோருக்கு வசதியாகப் பாரசீகம் நாடகம் நெடுக மறைந்தே கிடக்கிறது. திணறல் மலிவான சிரிப்பாகிவிடும் ஆபத்தும் உண்டு. ஆனால் முடிவில் இரு பெண்கள் உண்மையாகவே பாரசீகத்தில் பேசுகிறார்கள், மொழிபெயர்ப்பு இல்லாமல். அதுவரை உள்ளே இருந்த நியூயோர்க் சபையோர் அப்போது வெளியே நிற்கிறார்கள். அந்த ஒரு காட்சி பல குறைகளை ஈடு செய்கிறது.

இனி எங்கட மேடைக்கு வருவோம். அப்பாஸ் நாடகம், அலிபாதுஷா நாடகம் என்று இஸ்லாமியத் தமிழுக்கு ஒரு நாடக மரபு இருந்தது. இன்று மிஞ்சியிருப்பது பெரும்பாலும் பாடசாலைப் போட்டி நாடகம். அதில் நல்ல பிள்ளை, கெட்ட பிள்ளை, கடைசியில் ஒரு உபதேசம். பிறர் எங்களைப் பற்றி என்ன நினைப்பார்களோ என்ற பயத்தில் எங்கட பாத்திரங்களை நாங்களே கூண்டில் ஏற்றி நற்சாட்சி சொல்ல வைக்கிறோம். அமீருக்கு நேர்ந்ததைத்தான், நல்ல எண்ணத்தோடு, நாமும் செய்கிறோம்.

இளைய எழுத்தாளர்களிடம் ஒன்று கேட்கிறேன். இரண்டாம் மொழிப் பரீட்சைக்காகச் சிங்களம் படிக்கும் அரசாங்க உத்தியோகத்தர்களின் வகுப்பொன்றை மேடையில் போடுங்கள். அக்கரைப்பற்று உம்மா ஒருத்தி, பேருவளைப் பொடியன் ஒருத்தன், மன்னார் ரீச்சர் ஒருத்தி. மூவருக்கும் மூன்று விதமான தமிழ். சிங்களத்தில் அவர்கள் திணறட்டும். தங்கட பேச்சில் பகிடி பண்ணட்டும், கோபிக்கட்டும், பொய்யும் சொல்லட்டும். யாரும் எழும்பி இஸ்லாத்தை விளக்க வேண்டாம். அவர்கள் முஸ்லிம்கள் என்பது சபையோருக்குத் தானாகவே விளங்கும்.